ஷோரூமின் பின்பக்கம்

ஓடுகிற காரைக் கொல்வது எப்படி என்று அமெரிக்க அரசாங்கம் வரிவரியாக எழுதிக் கொடுத்திருந்தது. முதலில் இன்ஜின் ஆயிலை முழுக்க வடித்துவிட வேண்டும். அடி போல்ட்டைத் திரும்ப முடுக்கிவிட்டு, நாற்பது பங்கு சோடியம் சிலிக்கேட்டுக்கு அறுபது பங்கு தண்ணீர் சேர்த்த கரைசலை, ஆயில் ஊற்றுகிற வாயில் ஏறத்தாழ இரண்டு லிட்டர் ஊற்ற வேண்டும். வண்டியை ஸ்டார்ட் செய்து, நிமிடத்துக்கு 2,000 சுற்றில், தானாக நிற்கிறவரை ஓடவிட வேண்டும். ஒரு மணி நேரம் ஆறவிட்டு மறுபடி சாவியைத் திருப்பிப் பார்க்க வேண்டும். உயிர் மிச்சமிருந்தால் மறுபடியும் அதே வைத்தியம்.

2009 ஆகஸ்ட். ஒஹையோ மாநிலத்தில், சோளக்காடுகளுக்கு நடுவே ஒரு சின்ன ஊர். செவ்ரொலே ஷோரூமின் பின்பக்க முற்றத்தில் பழைய பிளேசர் ஒன்று பானெட் திறந்து நின்றது. மெக்கானிக் கண்ணாடி மாட்டிக்கொண்டார், கையுறை போட்டுக்கொண்டார். அந்த வண்டிக்கு மார்ச் மாதம் வாட்டர் பம்ப் மாற்றியதே அவர்தான். புது பம்ப் இன்னும் பளபளவென்றுதான் இருந்தது. அடுக்கி வைத்திருந்த பழைய டயர்கள்மேல் நான் உட்கார்ந்திருந்தேன். என் வண்டி பக்கத்துப் பிட்டில் சர்வீஸுக்கு ஏறியிருந்தது. யாரும் என்னை உள்ளே போகச் சொல்லவில்லை.

முதல் ஒரு நிமிடம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு சத்தம் தடித்தது. கரைசலின் தண்ணீர் சூட்டில் ஆவியாகிப் போக, மிச்சமான கண்ணாடிப் படிவம் பேரிங்குகளுக்குள் இறங்கியது. வெறும் அம்மியில் குழவியை இழுப்பதுபோல ஒரு கரகரப்பு. பின்னால் வெள்ளைப் புகை. வண்டி முழுவதும் உதறிக்கொண்டு, ஆனாலும் நிற்காமல் ஓடியது. முதலாளி கையில் ஒரு ஃபைலோடு பின்வாசலில் வந்து நின்றார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“நல்ல இன்ஜின்” என்றார்.

“நாமதானே வித்தோம்” என்றார் மெக்கானிக்.

கடைசியில் ஒரு குலுங்கல், டக்கென்று நின்றது. இன்ஜின் சீஸ். முதலாளி ஃபைலில் எதையோ டிக் செய்துவிட்டு உள்ளே போனார். அதற்குள் அடுத்த வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

பழைய வண்டியைக் கொடுத்தால் அரசு 3,500 டாலரோ 4,500 டாலரோ தரும், அதைக் கழித்துக்கொண்டு புதுசு வாங்கலாம் என்பது திட்டம். ஊரில் அதற்குப் பேர் ‘கேஷ் ஃபார் கிளங்கர்ஸ்’. கொண்டுவருகிற வண்டி கேலனுக்கு 18 மைலுக்குமேல் தரக்கூடாது, நம் கணக்கில் லிட்டருக்கு ஏழரை கிலோமீட்டர் சொச்சம். ஓடுகிற நிலையில் இருக்க வேண்டும். இதுதான் எனக்கு விசித்திரமாகப் பட்டது: ஓடாத வண்டிக்குக் காசு கிடையாது, ஓடுகிற வண்டியைத்தான் கொல்ல வேண்டும். ஒதுக்கிய 100 கோடி டாலர் ஒரு வாரம்போலத் தாக்குப்பிடித்தது. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் அவசரமாக இன்னும் 200 கோடி போட்டது. ஆகஸ்ட் 24ஆம் தேதி கதவை மூடுவதற்குள் ஏறத்தாழ 6,80,000 வண்டிகள் இப்படிப் போய்ச் சேர்ந்தன. அதிகம் விற்ற புது வண்டி டொயோட்டா கொரோலா!

முன்பக்கம் பலூன் கட்டியிருந்தார்கள். கம்பத்தில் ஒரு தேசியக்கொடி, வேட்டியைவிட நீளம். வார நாளிலேயே கூட்டம். ஆனால் வண்டி நிறுத்தும் திடலில் ஓட்டை ஓட்டையாக இடம் காலியாக இருந்தது, ஒன்று விற்றால் அந்த இடத்துக்கு வேறொன்று வரவில்லை. வரவும் முடியாது. இந்தக் கடை புது வண்டிக்கு ஆர்டர் போடும் உரிமையை இழந்திருந்தது.

காரணம், காபி மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு கிளிப் அட்டையில் தொங்கியது. மே 15, வெள்ளிக்கிழமை தேதி போட்ட கடிதம். அன்றைக்கு, செவ்ரொலேயைத் தயாரிக்கும் ஜெனரல் மோட்டார்ஸ் ஏறத்தாழ 1,100 டீலர்களுக்கு ஃபெடெக்ஸில் அனுப்பிய கடிதங்களில் ஒன்று. 2010 அக்டோபரில் ஒப்பந்தம் முடிகிறது, அதற்குப் பிறகு புதுப்பிக்கும் உத்தேசம் இல்லை என்பது சாரம். ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சொல்ல முதலாளிக்கு மனம் வரவில்லையாம். நீங்களே படித்துக்கொள்ளுங்கள் என்று மாட்டிவிட்டார். காபி பிடிக்கிறவர்களின் விரல் பட்டு ஓரமெல்லாம் பழுப்பேறியிருந்தது.

பின்னாலேயே இன்னொரு தாள் வந்தது. ஜூன் 12க்குள் கையெழுத்துப் போட்டால், கடையைச் சுருட்டிக்கொள்ளக் கொஞ்சம் பணம், தவணையில். இருக்கிற ஸ்டாக்கை விற்கலாம், சர்வீஸ் பார்க்கலாம். புது வண்டி கிடையாது, வழக்குப் போடவும் கூடாது. கையெழுத்துப் போடாவிட்டால் அந்தப் பணமும் இல்லை. போட்டார்.

நடந்ததை முன்னிருந்து சொன்னால்: 2008 டிசம்பரில் ஜெனரல் மோட்டார்ஸும் கிரைஸ்லரும் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தபோது புஷ் 1,740 கோடி டாலர் கடன் கொடுத்தார். அடுத்து வந்த ஒபாமா, வண்டித் தொழிலுக்கென்று ஒரு குழுவை உட்கார வைத்தார். அதை நடத்திய ஸ்டீவன் ராட்னர் முதலீட்டு உலகத்துக்காரர். ஜெனரல் மோட்டார்ஸ் கொடுத்த மீட்புத் திட்டத்தில் டீலர்களைக் குறைக்கிற வேகம் போதாது என்று குழு மார்ச் 30ஆம் தேதி திருப்பி அனுப்பியது. தலைவர் ரிக் வாகனர் நாற்காலியை விட்டு இறங்கினார். ஜூன் 1ஆம் தேதி கம்பெனி திவால் நீதிமன்றத்துக்குப் போனது. ஜூலை 10ஆம் தேதி புது கம்பெனியாக வெளியே வந்தபோது அதில் 60 சதவீதத்துக்கும் மேல் அரசாங்கத்தின் பங்கு.

கடைகள் அதிகம் என்பது பொய்யில்லை. நாட்டில் விற்கிற கார்களில் சரிபாதி தன்னுடையது என்றிருந்த காலத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் ஊருக்கு ஊர் திறந்த கடைகள் அவை. 2008இல் பங்கு ஐந்தில் ஒன்று என்ற அளவுக்கு வந்துவிட்டது, கடை மட்டும் சுமார் 6,000. டொயோட்டா 1,200 சொச்சம் கடைகளை வைத்துக்கொண்டே நன்றாக விற்றது. முன்பே ஏன் குறைக்கவில்லை? மாநிலச் சட்டங்கள் டீலருக்குக் காவலாக நின்றன. 2000த்தில் ஓல்ட்ஸ்மொபில் பெயரை மூடுவதாக அறிவித்தபோது டீலர்களுக்கு ஈடு கட்டவே 100 கோடி டாலருக்குமேல் கரைந்தது. சூடு கண்ட பூனை. திவால் நீதிமன்றம் அந்தக் காவலை ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டது.

ஆனால் ஒரு கணக்கு எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. ஷோரூமில் நிற்கிற வண்டி கம்பெனியுடையது அல்ல. ஆலையைவிட்டுக் கிளம்பும்போதே டீலர் தலையில் எழுதியாகிவிட்டது. வந்து சேர்ந்த நாளிலிருந்து வங்கிக்கு வட்டி ஓடுகிறது. கட்டடம், லிஃப்ட், சம்பளம், விளம்பரம் எல்லாம் டீலர் கைக்காசு. அப்படியிருக்க, கடையை மூடினால் கம்பெனிக்கு மிச்சம் எங்கிருந்து வரும்? நம்மூரிலும் டீலர் பிழைப்பு ஏறக்குறைய இதுதான். பின்னாளில் ஃபோர்ட் மறைமலை நகரை விட்டுக் கிளம்பியபோது தவித்தவர்களில் ஷோரூம்காரர்களும் உண்டு. டீலர்களுக்குப் பாதுகாப்புச் சட்டம் வேண்டும் என்று அவர்கள் சங்கம் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறது. அமெரிக்காவில் சட்டம் இருந்தே இந்தக் கதி.

கணக்குப் பார்க்கிற அம்மாளின் மேஜை கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்தது. அறுபதைத் தாண்டியவர், கண்ணாடியைச் சங்கிலியில் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். கிளங்கர்ஸ் பாரம், பதிவுச் சான்று, ஒரு வருஷத்து இன்சூரன்ஸ், இன்ஜின் செத்ததற்கு அத்தாட்சி என்று ஒரு வண்டிக்கு ஒரு கட்டு. ஒவ்வொன்றையும் ஸ்கேன் செய்து அரசாங்கத்தின் இணையதளத்தில் ஏற்ற வேண்டும். அது பாதியில் நின்றுவிடும். மறுபடி முதலிலிருந்து. வாடிக்கையாளருக்கு 4,500 டாலரைக் கடை கழித்துக் கொடுத்தாகிவிட்டது, அரசாங்கத்திடமிருந்து வர வேண்டியது வரவில்லை.

“கம்பெனிக்கு இப்ப முதலாளி யாரு?” என்று அந்த அம்மாள் ஸ்கேனரைப் பார்த்துக்கொண்டே கேட்டார். “கடையை மூடச் சொல்றவரும் அவர்தான். நமக்குப் பாக்கி வெச்சிருக்கிறவரும் அவர்தான்.”

முதலாளி சிரிக்கவில்லை. “பாக்கி எவ்வளவு ஆச்சு?” என்றார். அம்மாள் காகிதத்தில் எழுதி, கண்ணாடித் தடுப்பின் இடைவெளியில் நீட்டினார். முதலாளி அதைப் படித்துவிட்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

சாலைக்கு எதிர்ப்பக்கம் நிலைமை இன்னும் மோசம். அது கிரைஸ்லர் கடை. ஏப்ரல் 30ஆம் தேதி திவாலான கிரைஸ்லர், மே 14ஆம் தேதி 789 டீலர்களின் பெயரை நீதிமன்றத்தில் கொடுத்தது, நான்கில் ஒருவர். ஜூன் 9ஆம் தேதியோடு சரி. கையிலிருக்கும் ஸ்டாக்கைத் தீர்க்க 26 நாள். அதற்கு முந்தைய குளிர்காலத்தில்தான், கம்பெனி பிழைக்க வேண்டும், கூடுதலாக வண்டி எடுங்கள் என்று டீலர்களை நெருக்கியிருந்தார்கள். எடுத்தவர்களும் பட்டியலில் இருந்தார்கள். ஆகஸ்டில் அந்தத் திடலின் தார்வெடிப்புகளில் புல் முழங்கால் உயரம். சனிக்கிழமை மைதானத்தில் பேஸ்பால் ஆடுகிற பொடியன்கள் முதுகில் மட்டும் அந்தக் கடையின் பெயர் ஓடிக்கொண்டிருந்தது. சட்டை வாங்கிக் கொடுத்தது வசந்தத்தில்.

ஒரு விவசாயத் தம்பதி புது வண்டி பார்க்க வந்தார்கள். கணவர் டயரை உதைத்துப் பார்த்தார், மனைவி விலைச்சீட்டைப் படித்தார். எல்லாம் ஒத்துவந்தது. பேனாவை எடுத்த பிறகு மனைவி கேட்டார்: “ரெண்டு வருஷம் கழிச்சு இதுல ஏதாவது ரிப்பேர்னா எங்க கொண்டுவர்றது?”

விற்பனைப் பையன் முதலாளியின் அறைப்பக்கம் திரும்பினான். கதவு திறந்துதான் இருந்தது. “முப்பது மைல்ல ஒரு கடை இருக்கும்மா” என்றான்.

“இப்ப மூணு மைல்” என்றார் அவர். ஆனாலும் கையெழுத்துப் போட்டார்.

டிசம்பரில் காற்று திசை மாறியது. ஊருக்கு ஊர் டீலர்கள் தங்கள் தொகுதி உறுப்பினரைப் பிடித்து உலுக்கியதில், காங்கிரஸ் ஒரு நிதி மசோதாவின் நடுவே ஒரு பிரிவைச் செருகியது. விலக்கப்பட்ட டீலர்கள் நடுவரிடம் போகலாம். எந்த அளவுகோலில் விலக்கினோம் என்று கம்பெனி எழுத்தில் சொல்ல வேண்டும். 1,500க்கும் அதிகமானோர் மனுப் போட்டார்கள்.

ஜனவரியில் கம்பெனியின் அந்த விளக்கத் தாள் வந்த நாளில் நான் பனியில் உறைந்த பேட்டரிக்காகக் காத்திருந்தேன். காபி மெஷினைச் சுற்றி எல்லோரும் நின்றார்கள். கம்பெனியின் அளவுகோல்களில் ஒன்று, 2008இல் 50 புது வண்டிக்குக் குறைவாக விற்றிருந்தால் கழித்துவிடுவது. இந்தக் கடைக்கு மூன்று வண்டி குறைவு. கணக்கம்மாள் கால்குலேட்டரில் ஒருமுறை கூட்டிப் பார்த்தார். சரியாகத்தான் இருந்தது.

“மூணா?” என்றார் மெக்கானிக். “சொல்லியிருந்தா நானே ஒண்ணு எடுத்திருப்பேனே.”

மற்ற இரண்டை யார் தலையில் கட்டியிருக்கலாம் என்று அரை மணி நேரம் பேச்சு நடந்தது. பாதிரியார் பெயரெல்லாம் வந்தது. அன்றைக்குத்தான் அந்தக் கடையில் சிரிப்புச் சத்தம் கேட்டேன்.

அரசு நிவாரண நிதியைக் கண்காணிக்க நியமிக்கப்பட்ட நீல் பரோஃப்ஸ்கி 2010 ஜூலையில் ஓர் அறிக்கை கொடுத்தார். இத்தனை கடைகளை இத்தனை அவசரமாக மூடினால் எத்தனை பேர் வேலை போகும் என்று போதுமான அளவு யோசிக்கவில்லை, கம்பெனி தன் அளவுகோலையே எல்லோருக்கும் ஒன்றுபோலப் பிடிக்கவில்லை, பல முடிவுகளுக்குச் சரியான ஆவணம்கூட இல்லை என்று அதில் இருந்தது. அது வருவதற்கு முன்பே, மார்ச்சில், ஜெனரல் மோட்டார்ஸ் 661 டீலர்களைத் திரும்ப எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டது. இந்தக் கடைக்கும் கடிதம் வந்தது. நிபந்தனைகளை நிறைவேற்ற 60 நாள். அதில் முக்கியமானது, ஸ்டாக் எடுக்க வங்கிக் கடனுக்கு ஏற்பாடு. பழைய வங்கி கையை விரித்துவிட்டது. புது வங்கி முதலாளியின் வீட்டுப் பத்திரத்தைக் கேட்டது. கொடுத்தார்.

கோடை தொடங்கும்போது டிரெய்லர் வந்தது. மேல்தட்டில் இரண்டு சில்வராடோ, கீழே மாலிபுக்கள். மெக்கானிக்கும் விற்பனைப் பையனும் வாசலுக்கு ஓடினார்கள். ஓட்டுநர் இன்னும் சங்கிலியைக்கூட அவிழ்க்கவில்லை. கணக்கம்மாள் டெலிவரி சலானை வாங்கி, பேரேட்டைத் திறந்து, ஒவ்வொரு வண்டிக்கும் எதிரே அன்றைய தேதியைப் போட்டார்.

“எதுக்கும்மா இவ்வளவு அவசரம்? முதல்ல இறங்கட்டுமே” என்றான் பையன்.

“வட்டி இறங்குற வரைக்கும் நிக்குமா?” என்றார் அவர், அடுத்த வரியை எழுதிக்கொண்டே.