கூரை வழியே இறங்கும் வெயில்

சித்திரை மாதத்தில் எனக்கு வரும் போன்களில் பாதி ராத்திரியைப் பற்றியவை. "மதியம்கூட எப்படியோ சமாளிச்சிடறோம் சார், பத்து மணிக்குப் படுத்தா மேலேயிருந்து அனல் இறங்குது" என்பார்கள். கட்டட வேலையில் இருப்பவனுக்கு இந்த ஒரு வாக்கியம் போதும். மேலே என்ன தளம், எத்தனை அங்குலம், படுக்கையறை எந்தத் திசையில் என்று வீட்டைப் பார்க்காமலே ஓரளவு சொல்லிவிடலாம்.

வெயில் தளத்தின் மேல்பரப்பில் விழுவதற்கும் அது கீழே நம் தலைக்கு வந்து சேர்வதற்கும் நடுவில் சில மணி நேரம் இருக்கிறது. ஐந்து அங்குல கான்கிரீட்டைக் கடக்க ஏறக்குறைய மூன்று மணி நேரம். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் சேர்த்துப் போட்ட மூன்று, நான்கு அங்குலத் தளமும் தட்டோடும் இருந்தால் இன்னும் இரண்டு மூன்று மணி நேரம் கூடும். மேலே உச்சச் சூடு மதியம் ஒன்றரைக்கு என்றால், சீலிங்கில் உச்சம் இரவு ஏழு மணி வாக்கில். மேற்குச் சுவர் இதைவிட மோசம். ஒன்பது அங்குலச் செங்கல் சுவரைக் கடக்க வெப்பத்துக்கு ஏழு மணி நேரம் வரை ஆகும். மாலை நாலு மணி வெயில் கட்டிலின் தலைமாட்டுக்குப் பதினோரு மணிக்கு வந்து சேர்கிறது. பகலும் இரவும் மாறி மாறி வருவதால் மண்ணுக்குள் இப்படி அலை அலையாகச் சூடு இறங்குவதை, ஆழம் போகப் போக அது பிந்துவதையும் தேய்வதையும், பிரெஞ்சுக்காரரான ஃபூரியே ஏறக்குறைய இருநூறு வருஷத்துக்கு முன்பே கணக்காகப் போட்டுக் காட்டிவிட்டார். நம் மொட்டை மாடிக்கும் அதே கணக்குதான்.

இங்கேதான் பலர் தவறான முடிவுக்குப் போகிறார்கள். "அப்போ தளத்தைக் கனமா போட்டுடுங்க, சூடு இறங்காது." கனம் வெப்பத்தைத் தாமதப்படுத்தும், உச்சத்தை மழுக்கும். ஆனால் பகலெல்லாம் வாங்கிச் சேர்த்து வைத்ததை இரவில் கொடுத்தே தீரும். தடுப்பது வேறு வேலை, அதற்கு வேறு பொருள் வேண்டும். கான்கிரீட் கடத்துவதில் பாதியைத்தான் செங்கல் கடத்தும். மரம் பத்தில் ஒரு பங்கு. தெர்மாகோல் நாற்பத்தைந்தில் ஒரு பங்கு. அதில் வேலை செய்வது பிளாஸ்டிக் அல்ல, நகர முடியாமல் உள்ளே அடைபட்டுக் கிடக்கும் காற்று. ஓர் அங்குல தெர்மாகோல் பலகை தடுக்கிற அளவுக்குக் கான்கிரீட் தடுக்க வேண்டுமானால் ஏறத்தாழ நாலடி கனத்துக்கு ஊற்ற வேண்டும். நாலடித் தளத்துக்கு என்ன கம்பி கட்டுவது, எந்தத் தூண் அதைத் தாங்கும்?

வீடுகளுக்கென்று 2018இல் மத்திய அரசு கொண்டுவந்த ஈக்கோ நிவாஸ் சம்ஹிதா என்ற விதித்தொகுப்பு இதற்கு ஓர் எல்லை வைத்திருக்கிறது. வெளிக்கும் உள்ளுக்கும் ஒரு டிகிரி வித்தியாசம் இருந்தால், ஒரு சதுர மீட்டர் கூரை வழியாக 1.2 வாட்டுக்கு மேல் வெப்பம் கடக்கக் கூடாது. வெறும் கான்கிரீட் தளம் மூன்றைத் தாண்டும். ஜல்லித் தளமும் தட்டோடும் போட்டால்கூட இரண்டுக்கு மேல்தான் நிற்கும்.

பொருளைக் கையால் தொட்டு எடை போடுகிற பழக்கம் எங்கள் மேஸ்திரிகளிடமும் உண்டு, வீட்டுக்காரர்களிடமும் உண்டு. அது ஏமாற்றும். நாள் முழுக்க மூடிக் கிடந்த அறையில் ரெட் ஆக்சைடு தரையில் ஒரு பாதமும் பக்கத்தில் கிடக்கும் மரப்பலகையில் ஒரு பாதமும் வைத்துப் பாருங்கள். தரை சில்லென்றிருக்கும், பலகை வெதுவெதுப்பாக இருக்கும். வெப்பமானியைக் காட்டினால் இரண்டும் ஒரே டிகிரி. தரை நம் காலின் சூட்டை வேகமாக உறிஞ்சிக்கொள்கிறது, பலகைக்கு அந்த வேகம் இல்லை, அவ்வளவுதான். வெயிலில் இது தலைகீழாகும். ஒரே சூட்டில் இருக்கும் இரும்பு மூடி காலைப் பொசுக்கும், மரம் பொறுத்துக்கொள்ளும். அதனால் "இந்த ஓடு காலில் சுடவே இல்லை" என்று கடைக்காரர் சொல்வதை வைத்து, வீடு குளிரும் என்று வாங்கிவிடாதீர்கள்.

தகரமும் அப்படித்தான். இரும்பு வெப்பத்தை நன்றாகக் கடத்தும், அதனால்தான் தகர ஷெட் கொதிக்கிறது என்பார்கள். அரை மில்லிமீட்டர் கனத்தில் எதை வைத்தாலும் மறுபக்கம் உடனே சுடும், கடத்தலுக்கு அங்கே பெரிய பங்கில்லை. பளபளக்கும் புதுத் தகரம் வெயிலில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பும். ஆனால் வாங்கிய சூட்டைக் கதிராக வெளியே விடுவதில் அது மகா கஞ்சன். வெள்ளை பெயிண்ட் அடித்த தகரம் இரண்டையும் செய்யும், வெயிலைத் திருப்பும், மீந்த சூட்டையும் விட்டுவிடும். தென்னங்கீற்று இந்த வம்புக்கே போவதில்லை. அதற்குள் சேர்த்து வைக்கக் கனமில்லை, அடுக்குகளுக்கு நடுவே காற்று இருக்கிறது, பொழுது சாய்ந்த சிறிது நேரத்தில் ஆறிவிடும்.

பழைய வீடுகளின் புகழ் பாடுவோரிடம் எனக்குக் கொஞ்சம் மாற்றுக் கருத்து உண்டு. மெட்ராஸ் டெரஸ் அருமையான வேலை. தேக்கு உத்தரத்தின்மேல் செங்கலைக் குத்துவாக்கில் அடுக்கி, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்து நாள் கணக்கில் மரக்கட்டையால் தட்டிக் கெட்டிப்படுத்திய தளம். உயரமான கூரை வேறு. ஆனால் அந்தக் கனமும் ராத்திரியில் சூட்டை இறக்கத்தான் செய்தது. அந்த வீட்டுக்காரர்கள் கோடையில் பாயைச் சுருட்டிக்கொண்டு மாடியிலும் முற்றத்திலும் போய்ப் படுத்தார்கள். இன்று நாம் தளத்துக்கு அடியில், கதவைச் சாத்திக்கொண்டு படுக்கிறோம்.

சரி, என்னதான் செய்வது? தடுப்பைத் தளத்துக்கு மேலே போடுங்கள். உள்ளே ஃபால்ஸ் சீலிங் அடித்தால் கீழே வரும் சூடு குறையும், மறுக்கவில்லை. ஆனால் மேலே கான்கிரீட் பகல் முழுக்க வெந்துகொண்டேயிருக்கும், தினமும் விரிந்து சுருங்கும், விரிசல் விடும், மழைக்காலத்தில் ஒழுகும். மேலே கெட்டியான ஃபோம் பலகை, அதற்கு மேல் மெல்லிய கான்கிரீட், அதற்கு மேல் வெள்ளை ஓடு என்று போனால் தளமே நிழலில் இருக்கிற மாதிரி. கட்டடக்கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரவலாக்கிய ஃபில்லர் ஸ்லாப்பைப் பற்றியும் கேட்கிறார்கள். ஓடுகளை உள்ளே புதைத்துக் கான்கிரீட்டை மிச்சம் பிடிக்கும் அருமையான யோசனை அது. வெப்பத்துக்கு மட்டும் அதை முழுதாக நம்ப மாட்டேன். ஓடுகளுக்கு இடையே ஓடும் கான்கிரீட் வரிகள் வழியாகச் சூடு சுகமாக இறங்கிவிடும்.

செலவுக்கு வழியில்லாதவர்களுக்கு ஈரச் சாக்கு. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது முக்கால் யூனிட் மின்சாரத்துக்குக் கொஞ்சம் குறைவான வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். தண்ணீரைச் சாயங்காலம் ஆறு மணிக்கு வாளி வாளியாக ஊற்றுவதைவிட, மதியத்துக்கு முன்பே சாக்கை விரித்து நனைத்து வைப்பது நல்லது. ஆறு மணிக்குள் மதியச் சூடு பெரும்பாலான வழியைக் கடந்து வந்திருக்கும். ஏப்ரல் மாதச் சென்னையில் தண்ணீருக்கு எங்கே போவது என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

ஈரச் சாக்கை விட்டால் வெள்ளைப் பூச்சுதான் மலிவு. தெலங்கானா அரசு 2023இல் இப்படிப்பட்ட குளிர்கூரைகளுக்கென்றே ஒரு கொள்கை அறிவித்தது. பூச்சு புதிதாக இருக்கும்போது வெயிலில் பெரும்பகுதியைத் திருப்பிவிடும். ஆனால் புழுதி படிந்து சாம்பல் நிறமானதும் அந்தத் திறன் சரியும். வருஷத்துக்கு ஒருமுறையாவது பிரஷ் போட்டுக் கழுவ வேண்டும். தனி வீடென்றால் யாரையாவது ஏற்றிக் கழுவிவிடுவார்கள். அடுக்குமாடியில்தான் சிக்கல். சூடு மேல்மாடிக்காரருக்கு, மொட்டை மாடி எல்லோருக்கும். பூச்சுச் செலவைப் பங்கு போடச் சொல்லி அசோசியேஷன் கூட்டத்தில் பேச என்னை இரண்டு மூன்று இடங்களில் அழைத்திருக்கிறார்கள். தரைத்தளத்து ஆள் ஒவ்வொரு முறையும் கேட்கும் கேள்வி ஒன்றே: "எங்க வீட்ல சுடலையே சார், நாங்க ஏன் குடுக்கணும்?" லிஃப்ட் பராமரிப்புக்கும் அவர் இதையேதான் சொல்லியிருப்பார் என்று பக்கத்தில் இருந்தவர் என் காதில் சொன்னார்.