காதும் கையும்

பழைய காரை விற்றுத் தொலைத்துவிட்டுப் புதிதாக ஒன்று வாங்குவதுதான் புத்திசாலித்தனம் என்று சொல்லாதவர்கள் இந்த நாளில் அபூர்வம். கோயம்புத்தூரில் இருக்கும் என் மச்சானிடம், அதாவது என் தமக்கையின் கணவரிடம், இதைச் சொன்னவர்களின் பெயர்களை எழுதினால் இந்தப் பக்கம் நிறைந்துவிடும். எல்லோருக்கும் அவர் ஒரே பதில்தான் சொல்லுவார். "உடம்பு நல்லா இருக்குதுங்க. எஞ்சின்தான் போச்சு" என்பார். மனிதர்கள் விஷயத்தில் இப்படிச் சொல்ல முடிகிறதா, பாருங்கள்!

உடம்பு என்று அவர் சொன்னது 1994-ஆம் வருஷத்து மாருதி எண்ணூறின் தகர உடம்பை. 1983 டிசம்பரில் முதல் வண்டி வெளிவந்து, 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றுபோன அந்தச் சின்னக் காரைத் தெரியாதவர் நம்மில் யார்? பன்னிரண்டு அங்குலச் சக்கரம். பின்னால் மேல்நோக்கித் தூக்கித் திறக்கிற கதவு. முன்னால் குறுக்கு வாட்டில் பொருத்திய மூன்று சிலிண்டர் எஞ்சின். கொள்ளளவு 796 சி.சி. மோட்டார் சைக்கிள்களிலேயே இதைவிடப் பெரிய எஞ்சின் உண்டு. ஆனாலும் ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு ஊட்டி மலை ஏறிய வண்டி அது. ஏறும்போது முனகும், ஆனால் ஏறிவிடும்.

மச்சான் ஒரு பஞ்சாலையின் தறிக்கூடத்தில் முப்பது வருஷம் பிட்டராக இருந்தவர். தறிக்கூடத்துக்குள் நான் ஒரு தடவை போயிருக்கிறேன். பக்கத்தில் நிற்பவரின் வாய் அசைவதுதான் தெரியும், பேச்சு வராது. எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல் சத்தம்தான் உச்ச வரம்பு என்று நம் தொழிற்சாலை விதிகள் சொல்லுகின்றன. தறிகளோ விதிகளைப் படிப்பதில்லை. அவ்வளவு வருஷம் அங்கே இருந்துவிட்டு வந்த மனிதருக்குக் காது முழுசாக இருக்கும் என்று எதிர்பார்ப்பது நியாயமல்ல. அவர் ஒருவர்தான் எதிர்பார்த்தார். "அவருக்குக் காது கேக்குது. நான் சொல்றது மட்டும்தான் கேக்கறதில்லை" என்று என் அக்காள் சொல்லுவாள்.

வேடிக்கை என்னவென்றால், அந்தத் தெருவில் அவருக்கு இருந்த கீர்த்தியெல்லாம் காதினால் வந்ததுதான். ஸ்கூட்டரோ காரோ, வாசலில் நிறுத்தி ஓடவிட்டால், நாற்காலியில் இருந்தபடியே, "பிளக்கை மாத்துங்க" என்றோ, "டைமிங் பின்னாலே கிடக்குது" என்றோ சொல்லுவார். அளவுக் கருவிகளைக் கண்டால் அவருக்கு ஓர் இளக்காரம். டாஷ்போர்டில் எஞ்சின் ஆயில் அழுத்தம் குறைந்தால் எரிகிற சிவப்பு விளக்கு ஒன்று உண்டல்லவா? அதன் பல்பு எப்பொழுதோ அவிந்துபோயிருந்தது. காது இருக்கும்போது விளக்கு எதற்கு என்று அவர் அதை மாற்றவே இல்லை.

பழைய எஞ்சின் போனது அவிநாசி சாலையில். கனெக்டிங் ராடின் பேரிங் உருகி, வயிற்றுக்குள் சம்மட்டி அடிப்பது போல 'தொம் தொம்' என்று ஓசை கேட்டதும் நிறுத்தினாராம். கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். திறந்து பார்த்தபோது ஆயில் அடியில் கொஞ்சம்தான் இருந்தது. ஆயில் விற்ற கடைக்காரரை ஒரு வாரம் திட்டினார்.

மூன்று சிலிண்டரையும் கடைந்து புதுப் பிஸ்டன் போடுகிற செலவைவிட, ஓடின எஞ்சின் ஒன்று வாங்குவது மலிவு. உக்கடத்துப் பழைய சாமான் கடைகளில் அப்பாவும் பெண்ணுமாக அலைந்தார்கள். பெண் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படிக்கிறாள். உடன் போயிருந்த எனக்கு அது ஒரு நல்ல பாடம். ஆயில் ஊற்றும் மூடியைத் திருகி, உள்பக்கத்தில் பாலாடை மாதிரி வெள்ளையாகப் படிந்திருக்கிறதா என்று பார்க்கிறார்கள். படிந்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கக்கூடும். பிளக்கைக் கழற்றி மூக்கைப் பார்க்கிறார்கள். எண்ணெய் கோத்திருந்தால் ரிங் தேய்ந்தது. பிறகு பிளக்கைத் திரும்ப மாட்டி, முன் புல்லியில் ஸ்பேனர் போட்டுக் கையால் சுற்றுகிறார்கள். இரண்டு சுற்றுக்குள் மூன்று முறை கையை எதிர்த்துத் தள்ள வேண்டும். மூன்றும் ஒரே பலத்தோடு தள்ள வேண்டும். நாலாவது கடையில் ஒன்று அப்படித் தள்ளியது. 18,000 ரூபாய். பெண் பார்க்கப் போன இடத்தில்கூட மச்சான் இவ்வளவு நேரம் யோசித்திருக்க மாட்டார்.

பக்கத்து வீட்டுப் பையனுக்கு அது பிடிக்கவில்லை. "எஸ்டீம் எஞ்சின் போடலாமே, மாமா! 1,298 சி.சி.; சும்மா பறக்கும்" என்றான். மச்சான் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "பறக்கும், சரி. நிறுத்தறது யாரு? பிரேக் எண்ணூறுக்குப் போட்டதுதானே?" என்றார். பையன் ஏதோ பெரிய டிஸ்க், பெரிய சக்கரம் என்றெல்லாம் அடுக்கினான். எஞ்சின், கியர் பெட்டி, மவுண்டிங், ரேடியேட்டர், பிரேக், ஸ்பிரிங் எல்லாவற்றையும் மாற்றிய பிறகு அதை எண்ணூறு என்று சொல்லுவதற்கு என்ன இருக்கிறது? சட்டமும் சும்மா விடாது. 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, வண்டி செய்தவர் கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்கிறது. அதே ரகத்து எஞ்சினை மாற்றுவதற்குக்கூட வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கி, பதிவுப் புத்தகத்தில் புது எண்ணை ஏற்ற வேண்டும். மச்சான் முதல் காரியமாக அந்த மனுவைத்தான் கொடுத்தார். 2024 அவருக்குப் பதிவைப் புதுப்பிக்க வேண்டிய வருஷம் வேறு. பதினைந்து வயது தாண்டிய சொந்தக் கார்கள் ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை அங்கே போய் நின்று தங்கள் தேக ஆரோக்கியத்தை நிரூபிக்க வேண்டுமல்லவா?

எஞ்சினை இறக்கி ஏற்றியதை நான் விஸ்தரிக்கப் போவதில்லை. போர் மோட்டார் தூக்குகிறவர்களிடமிருந்து மூன்று இரும்புக் குழாய் முக்காலியும் செயின் பிளாக்கும் வாடகைக்கு வந்தன. பாட்டரியைக் கழற்றி, ரேடியேட்டர் தண்ணீரை வடித்து, ஒயர்களிலும் ரப்பர்க் குழாய்களிலும் என் அக்காள் மகள் காகிதச் சீட்டு ஒட்டி எண் எழுதினாள். பழையது வெளியே போய்ப் புதியது உள்ளே உட்கார இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் பிடித்தன. வாங்கிய எஞ்சினில் எத்தனை நாளாகக் கிடக்கிறதோ என்று டைமிங் பெல்ட்டையும் ஆயில் சீல்களையும் புதிதாகப் போட்டார்கள். மேலே உள்ள பல் சக்கரத்தின் குறியும் கீழே உள்ளதன் குறியும் நேராக நிற்கும்போது பெல்ட்டை மாட்ட வேண்டும். ஒரு பல் தவறினாலும் வால்வுகள் வேளை கெட்ட வேளையில் திறக்கும். மச்சான் அந்தக் குறிகளை மூன்று தரம் பார்த்தார். பெண் நாலு தரம் பார்த்தாள்.

சாவியைத் திருப்பினவுடன் எஞ்சின் பிடித்துக்கொண்டது. பிடித்துக்கொண்டதே தவிர, வண்டி முழுவதும் குளிர்ஜுரம் வந்தவன் மாதிரி உதறியது.

இங்கேதான் மச்சானின் ராஜ்யம் ஆரம்பமாயிற்று. மூன்று சிலிண்டர் எஞ்சின் இயல்பாகவே சற்று ஆடும். நிமிஷத்துக்குத் தொள்ளாயிரம் சுற்று என்று நிதானமாக ஓடும்போது, விநாடிக்கு இருபத்திரண்டு, இருபத்து மூன்று தடவை உள்ளே வெடிக்கிறது. அதில் மூன்றில் ஒன்று சோம்பேறியானால் தாளம் நொண்டும். அவர் உள்ளங்கையை ஹெட்டின் மூடிமேல் ஒரு துணியைப் போட்டு வைத்துக்கொண்டார், கண்ணை மூடிக்கொண்டார். காப்பிட்ட குறடால் பெண் ஒவ்வொரு பிளக் ஒயராகப் பிடுங்கி மாட்டினாள். முதல் ஒயரைப் பிடுங்கியதும் ஆட்டம் அதிகமாயிற்று; அந்தச் சிலிண்டர் உழைக்கிறது என்று அர்த்தம். மூன்றாவதும் அப்படியே. நடுவில் உள்ளதைப் பிடுங்கியபோது ஒரு மாறுதலும் இல்லை. "இவந்தான்" என்றார் மச்சான். ஒயர் உள்ளே அறுந்திருந்தது. மாற்றியதும் உதறல் நின்றது. அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

"டிக் டிக்னு ஒரு சத்தம் வருதுப்பா" என்றாள் பெண்.

"ஒண்ணும் வரலை."

"வருதுப்பா. டாப்பெட் மாதிரி."

எனக்கும் கேட்டது. தையல் மிஷின் ஓடுவது போல மெல்லிசாக, இடைவிடாமல். வாசற்படியில் உட்கார்ந்திருந்த அக்காளுக்கும் கேட்டது. கேட்காதவர் ஒருவர்தான்.

இதற்குக் காரணம் உண்டு. பேரிரைச்சல் காதை அழிக்கும்போது எல்லாச் சத்தத்தையும் ஒரே மாதிரி அழிப்பதில்லை. முதலில் போவது கீச்சுக்குரல்கள்: குருவியின் சத்தம், குழந்தையின் மழலை, சலங்கை ஒலி, டாப்பெட்டின் டிக் டிக். கனத்த ஓசைகள் வெகுநாள் தங்கும். ஆகையால் காது போகிறவனுக்குத் தன் காது போவது தெரிவதில்லை. உலகம் சற்றுத் தெளிவில்லாமல் பேசுகிறது என்றுதான் அவன் நினைப்பான்.

பெண் மேற்கொண்டு வாதாடவில்லை. டப்பாவிலிருந்து பீலர் கேஜை எடுத்தாள். ரவிக்கை ஊசிபோல் மெல்லிய தகடுகள். மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, இரண்டு பங்கு என்று அளப்பதற்கு. "ஒரு தரம் அளந்து பார்த்திடலாமாப்பா?" என்றாள். மச்சான் பதில் சொல்லாமல் நீளமான ஸ்குரூ டிரைவரை எடுத்தார். அதன் நுனியை ராக்கர் மூடியில் ஊன்றி, பிடியைக் காதுக்குப் பின்னால் எலும்பில் அழுத்திக்கொண்டார். பழைய மெக்கானிக்குகளின் ஸ்டெதஸ்கோப் அதுதான். ஓரிடத்தில் வைத்தார், தள்ளி வைத்தார், இன்னும் தள்ளி வைத்தார். நாங்கள் யாரும் பேசவில்லை. கடைசியில் ஸ்குரூ டிரைவரை எடுத்துத் துணியால் துடைத்தார். துடைப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை. பெண்ணிடம் நீட்டி, "நீ வெச்சுப் பாரு, கண்ணு. எந்த இடம்னு சொல்லு" என்றார்.

மூன்றாவது சிலிண்டர் என்றாள் அவள்.

டாப்பெட் இடைவெளியை எஞ்சின் குளிர்ந்த பிறகு அளப்பதுதான் அவர்கள் வழக்கம். அது ஆறும் வரையில் காபி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மச்சான் வாசலைப் பார்த்துக்கொண்டே என்னிடம், "ஆயில் குறைஞ்சா மொதல்லே டாப்பெட்டுதான் கத்தும், மாப்ளே. அப்புறம்தான் பேரிங் போகும்" என்றார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னது அக்காள். "அப்பவே நான் சொன்னேனுங்களே! சடசடன்னு ஓட்டுக்கூரையிலே மழை பேஞ்ச மாதிரி வருதுன்னு. ஒரு மாசமாச் சொன்னேன்" என்றாள். குற்றம் சாட்டுகிற குரலில் அவள் சொல்லவில்லை. தான் சொன்னது சரிதான் என்று இப்பொழுதுதான் அவளுக்கே தெரிந்தது. மச்சான் காபி டம்ளரைக் கீழே வைத்தார். ஆயில் கடைக்காரரைப் பற்றி அதற்குப் பிறகு அவர் பேசவே இல்லை.

சாயங்காலம் டாப்பெட் இடைவெளியைப் பெண் அளந்தாள், அவர் திருகினார். மூன்றாவதில் தகடு இரண்டு சேர்ந்தாற்போல் உள்ளே போயிற்று. சரிசெய்து ஓடவிட்டதும், "நின்னுதா?" என்று அவளைக் கேட்டார். "நின்னுடுச்சுப்பா" என்றாள். பிறகு கார்புரேட்டரில் காற்றும் பெட்ரோலும் கலக்கும் ஸ்குரூ. அதை உள்ளே திருகிக்கொண்டே போனால் எஞ்சின் தயங்கும். வெளியே திருகினால் நிமிரும். இன்னும் போனால் கனத்துப்போகும். நடுவில் ஓர் இடம் இருக்கிறது. பெண்ணுக்கு அந்த இடம் அகப்படவில்லை. "எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்குதுப்பா" என்றாள். அவர் அவளுடைய கையைப் பிடித்து மட்கார்டின் விளிம்பில் வைத்தார். அதன்மேல் தம் கையை வைத்துக்கொண்டார். இன்னொரு கையால் கால் சுற்று திருகினார். "இப்போ?" என்றார். மறுபடியும் கால் சுற்று. "இப்போ?" அப்புறம் அரைக்கால் சுற்று பின்னுக்கு. "ஆ!" என்றாள் அவள். எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

இந்த வயது பெட்ரோல் காருக்குப் புகையில் கார்பன் மோனாக்ஸைடு நூற்றுக்கு மூன்றுக்கு மேல் போகக் கூடாது. சோதனை நிலையத்தில் குழாயைச் செருகியபோது இரண்டுக்கும் கீழேதான் இருந்தது. எஞ்சின் எண் புத்தகத்தில் ஏறியது. பதிவும் ஐந்து வருஷத்துக்கு நீண்டது. டாஷ்போர்டில் புது பல்பு போட்டாயிற்று. சாவியைத் திருப்பும்போது சிவப்பு விளக்கு எரிந்து அணைகிறதா என்று மச்சான் ஒவ்வொரு தடவையும் குனிந்து பார்க்கிறார்.

அடுத்த மாதம் என் அக்காள் அவரைக் காது டாக்டரிடம் அழைத்துப் போனாள். இரண்டு காதுக்கும் கருவி வாங்கியிருக்கிறார்கள். போட்டுக்கொண்ட முதல் நாள், வீட்டுக் கதவுகள் எல்லாம் இவ்வளவு கிறீச்சிடுகின்றனவே என்று ஒவ்வொன்றுக்கும் எண்ணெய் விட்டாராம். காரின் மூடியைத் திறக்கும்போது மாத்திரம் அவற்றைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுகிறார். எஞ்சின் பக்கத்தில் அவை போடுகிற இரைச்சல் அவருக்குச் சகிக்கவில்லை. கழற்றிப் பையில் போட்டுவிட்டு, "கண்ணு, இங்கே வா" என்று பெண்ணைக் கூப்பிடுகிறார்.