நம்ம ஊர்ப் பசங்க எல்லாம் எதிர் டீம்ல

ஹனூர் என்று சொன்னால் நம் மக்களுக்குச் சட்டென்று பிடிபடாது. மாதேஸ்வரன் மலை என்றால் "ஓ, அந்தப் பக்கமா" என்பார்கள். கொள்ளேகாலில் இருந்து மலைக்குப் போகிற பஸ் எங்கள் ஊர் வழியாகத்தான் போகும். முன்பு மைசூர் மாவட்டம், 1997ல் பிரித்ததில் சாமராஜநகர் மாவட்டத்துக்குப் போய்விட்டது. ராமாபுரம், மார்டள்ளி பக்கமெல்லாம் வீட்டில் தமிழ் பேசும் குடும்பங்கள் உண்டு. பேங்க் கவுண்டருக்கு வந்து கன்னடத்தில் ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்ததும் தமிழில் முடிப்பார்கள். ஆக பேச்சுத் துணைக்குப் பஞ்சம் இல்லை. ஆனால் சென்னையின் எஃப்சி என்று ஒரு ஃபுட்பால் டீம் இருக்கிறது, அதை நினைத்தால் வயிறு எரிகிறது என்று சொல்லி அழ இந்த ஊரில் ஒரு ஆள் கிடையாது. அதான் இங்கே வந்து புலம்பல். கிரிக்கெட் மட்டும் பார்க்கிறவர்களும் படிக்கலாம், நடுவில் தோனி வருவார்.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கொள்கிறேன். நான் பெரம்பூர்க்காரன். பி.காம் படித்த காலத்தில் அக்கவுண்டன்சி வகுப்பில் இருந்த நேரத்தை விட வியாசர்பாடி பசங்களோடு கிரவுண்டில் இருந்த நேரம் அதிகம். வடசென்னையில் ஃபுட்பால் என்பது பொழுதுபோக்கு இல்லை, அது பாட்டுக்கு இருக்கும், காலையில் பால் வருகிற மாதிரி. ஆனால் டிவியில் பார்க்க எங்கள் ஊருக்கென்று ஒரு டீம் இல்லை. மோகன் பகானா ஈஸ்ட் பெங்காலா என்று கல்கத்தாக்காரன் சண்டையில் நாங்கள் பாதிப் பாதியாகப் பிரிந்து அடித்துக்கொள்வோம். 2014ல் ஐ.எஸ்.எல் ஆரம்பித்து சென்னைக்கென்று ஒரு டீம் வந்தபோது எனக்கு முப்பது தாண்டிவிட்டது, கர்நாடகாவுக்கு டிரான்ஸ்ஃபரும் ஆகியிருந்தது. ஊரை விட்டு வந்த பிறகுதான் ஊருக்கு டீம் வருகிறது. நம்ம ராசி அப்படி.

முதல் வருஷமே லீக்கில் முதலிடம். எலானோ 8 கோல் அடித்து கோல்டன் பூட் வாங்கினார். செமி ஃபைனலில் கேரளாவிடம் போச்சு. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மிதந்துகொண்டிருந்தபோது செமி ஃபைனலின் சொந்த ஊர் ஆட்டத்தையே புனேயில் வைத்து ஆடினார்கள். பிறகு கோவாவில் ஃபைனல், 90வது நிமிஷம் வரை 2-1 என்று பின்தங்கி இருந்து 3-2 என்று ஜெயித்தார்கள். கடைசி கோல் மெண்டோசா. அன்றைக்குப் பெரம்பூரில் அம்மா வீட்டில் தண்ணீர் வடிந்து சேறு கழுவிக்கொண்டிருந்தார்கள். போனில் ஸ்கோர் சொன்னேன். "அப்பாடா, ஏதோ ஒண்ணாவது நல்லது நடந்துச்சே" என்றார் அம்மா. அவருக்கு ஆஃப்சைடு என்றால் என்னவென்றே தெரியாது.

அடுத்த வருஷம் எலானோ இல்லை, மெண்டோசா இல்லை. 8 டீமில் ஏழாவது இடம். எனக்கு முதல் சந்தேகம் அப்போதே வந்தது.

2018 மார்ச் 17 கதையைச் சொல்லாவிட்டால் தூக்கம் வராது. பெங்களூரு கண்டீரவாவில் ஃபைனல், எதிரே பெங்களூரு எஃப்சி. அப்போது நான் மைசூரில் இருந்தேன். பையனுக்கு ஏழு வயசு. அவன் பிறந்ததும் வளர்ந்ததும் இங்கேதான், ஸ்கூலில் எல்லோரும் சுனில் சேத்ரி ரசிகர்கள், அவனும் அப்படியே. வீட்டிலேயே எதிர்க்கட்சி. இரண்டு பேரும் போனோம். இரண்டு டீமுக்கும் நீலம்தான் கலர் என்பதால் கூட்டத்தில் எனக்குப் பாதுகாப்பு :-) ஒன்பதாவது நிமிஷமே சேத்ரி ஹெட்டரில் அடித்தார், பையன் என் தோள் மேல் ஏறிக் குதித்தான். அப்புறம் மெய்ல்சன் ஆல்வெஸ் கார்னரில் இருந்து இரண்டு ஹெட்டர். ரஃபேல் அகஸ்டோ மூன்றாவது. 3-2. நான் சத்தம் போடாமல் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன், பையன் அழுதான். ஊர் திரும்புகிற வழியில் மத்தூரில் வடை வாங்கிக் கொடுத்துத்தான் சமாதானம்.

இப்போது கணக்குக்கு வருவோம். கோப்பை வாங்கியது 2017-18. அடுத்த சீசனில் 18 ஆட்டம், 2 வெற்றி, 3 டிரா, 13 தோல்வி. 9 புள்ளி. கடைசி இடம். நடப்புச் சாம்பியன் கடைசி இடம்! கேப்டன் செரேனோ போய்விட்டார், அந்த இடத்துக்கு அந்தத் தரத்தில் ஆள் வரவில்லை. நடுக்களத்தில் வியாசர்பாடிப் பையன் தன்பால் கணேஷ் முழங்கால் காயத்தில் படுத்துவிட்டார், அதற்கும் மாற்று இல்லை. முந்தைய சீசனில் 9 கோல் அடித்த ஜேஜே இந்த சீசனில் ஒன்றே ஒன்று. கோல் அடிக்க என்று கூட்டிவந்த வெளிநாட்டவர் பாதி சீசனில் மூட்டை கட்டினார். பேங்கில் ஒரு கணக்கு 90 நாள் தவணை கட்டாமல் இருந்தால் வாராக்கடன் என்று எழுதிவிடுவோம். இவர்களுக்கு 90 நிமிஷம், அதையும் 13 தடவை கொடுத்தாகிவிட்டது. அப்போது ஐ.எஸ்.எல்லில் கடைசியில் வந்தால் கீழ் லீக்குக்கு இறக்குவதும் கிடையாது. நஷ்டம் என்று ஒன்று இல்லாத கடையில் யார் சரக்கைக் கவனிப்பார்கள்?

அடுத்த வருஷம் இன்னும் கொடுமை, ஏனென்றால் நல்லது நடந்தது. 2019 டிசம்பரில் அட்டவணையின் அடியில் கிடந்த டீமை ஓவன் காய்ல் வந்து தூக்கி நிறுத்தினார். வால்ஸ்கிஸ் 15 கோல், கிரிவெல்லாரோ பந்தை எங்கே போடுவார் என்று யாருக்கும் தெரியாது. ஃபைனல் வரை போய், 2020 மார்ச் 14 அன்று கொரோனாவால் ஆளே இல்லாத ஃபதோர்டா மைதானத்தில் ஏடிகேவிடம் 3-1 என்று தோற்றார்கள். தோற்றால் என்ன, டீம் அமைந்துவிட்டது என்று நான் சந்தோஷமாக இருந்தேன். சில மாதத்தில் காய்ல் ஜாம்ஷெட்பூருக்குப் போனார். வால்ஸ்கிஸும் பின்னாடியே போனார். ஜேஜே ஈஸ்ட் பெங்காலுக்குப் போனார். 2021-22ல் காய்ல் ஜாம்ஷெட்பூருக்கு லீக் ஷீல்டு வாங்கிக் கொடுத்தார்.

இதோடு விட்டால் பரவாயில்லை. 2022 ஜனவரியில் வால்ஸ்கிஸைத் திரும்பக் கூட்டிவந்தார்கள். 2023ல் காய்லையும் திரும்பக் கூட்டிவந்தார்கள். பழைய 15 கோல் வால்ஸ்கிஸ் திரும்பி வரவில்லை. காய்ல் முதல் வருஷம் ஆறாவது இடம் பிடித்தார், 2024-25ல் 13 டீமில் பதினோராவது. எங்கள் கவுண்டரில் இதை அடிக்கடி பார்க்கிறேன். நல்ல வட்டியில் போட்ட டெபாசிட்டை முதிர்வுக்கு முன்னால் உடைத்து எடுத்துப் போவார்கள், இரண்டு வருஷம் கழித்து அதே பணத்தை வட்டி குறைந்த பிறகு கொண்டுவந்து போடுவார்கள். அவர்களுக்காவது பெண் கல்யாணம், போர்வெல் என்று காரணம் இருக்கும்.

இடையில் போன மூன்று வருஷத்தைச் சொல்லவில்லையே. 2020-21ல் சாபா லாஸ்லோ, 2021-22ல் பாண்டோவிச், 2022-23ல் பிர்டாரிச். மூன்று வருஷம், மூன்று கோச், மூன்று தடவையும் எட்டாவது இடம். லாஸ்லோ காலத்தில் 20 ஆட்டத்தில் 11 டிரா, மொத்தமே 17 கோல். தங்கமணி ஒருநாள் டிவியைப் பார்த்துவிட்டு, "இது ஹைலைட்ஸா, லைவா? எதுவுமே நடக்கலையே" என்றாள். பாண்டோவிச் கோவாவிடம் 5-0 வாங்கியதோடு சீசன் முடியும் முன்பே கிளம்பினார், மிச்சத்தை நம்ம சபீர் பாஷா பார்த்துக்கொண்டார். ஒரு பேங்க் கிளையில் நாலு வருஷத்தில் இத்தனை மேனேஜர் மாறினால் ஹெட் ஆபீஸில் இருந்து இன்ஸ்பெக்‌ஷன் வந்து மேனேஜரைக் கேட்க மாட்டார்கள், மாற்றியது யார் என்று கேட்பார்கள்.

தோனி வருவார் என்றேன் அல்லவா. அபிஷேக் பச்சன், விடா தானியோடு சென்னையின் எஃப்சிக்கு அவரும் ஒரு முதலாளி. 2018ல் மஞ்சள் சட்டையில் அவர் கோப்பை வாங்கிய டீமைக் கிழவர் படை என்று ஊரே கிண்டல் செய்தது. ஒத்துவந்த ஆளை லேசில் விடமாட்டார்கள், ஒரு மேட்ச் சொதப்பினால் தூக்கி எறிய மாட்டார்கள், அதுதான் அங்கே வித்தை. அதே சென்னை, பாதி அதே ரசிகர்கள், முதலாளிகளில் ஒருவராக அதே தல. ஃபுட்பால் பக்கம் வந்தால் மட்டும் ஒவ்வொரு ஜூன் மாதமும் வீட்டைக் காலி செய்து புதுக் குடித்தனம். கிரிக்கெட்டில் ஏலம் வேறு, இங்கே ஒப்பந்தம் வேறு, தெரியும். வெளிநாட்டுக்காரர் பாதிப் பேர் ஒரு வருஷ ஒப்பந்தத்தில்தான் வருகிறார், அதுவும் தெரியும். நல்லா ஆடுகிறவருக்கு இரண்டாவது வருஷம் எழுதித் தருவதை யாரும் தடுக்கவில்லை.

என் நிஜமான ஆற்றாமை வெளிநாட்டவர் பற்றியது இல்லை. 2021-22ல் இருந்து களத்தில் வெளிநாட்டவர் நாலு பேர்தான் என்று விதி வந்தது. அப்படியானால் 11ல் 7 பேர் நம்மவர்கள். அந்த 7 பேரை எங்கே தேடுவது?

மைக்கேல் சூசைராஜ், கன்னியாகுமரி மாவட்டம் இரவிபுத்தன்துறை. சென்னை சிட்டி எஃப்சியில் ஆடிக்கொண்டிருந்தவர், 2018ல் ஐ.எஸ்.எல்லுக்கு வந்தபோது போனது ஜாம்ஷெட்பூர், பிறகு ஏடிகே. 2020 ஃபைனலில் எங்களைத் தோற்கடித்தது அவர் இருந்த டீம். நந்தகுமார் சேகர், சென்னைப் பையன். டெல்லி, ஒடிசா என்று சுற்றி, 2023 ஆகஸ்டில் டூரண்ட் கோப்பையில் ஈஸ்ட் பெங்காலுக்காக மோகன் பகானுக்கு எதிராக ஒற்றை கோல் அடித்து ஜெயிக்கவைத்தார். கல்கத்தாவே அவரைத் தூக்கி வைத்து ஆடியது. பெரம்பூரில் நாங்கள் எந்த இரண்டு டீமுக்காக அடித்துக்கொண்டோமோ, அந்தச் சண்டையை நம்ம ஊர்ப் பையன் ஒருத்தன் போய் முடித்து வைத்தான். இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2018-19ல் சென்னையின் எஃப்சி கடைசி இடத்தில் கிடந்த அதே சீசனில் சென்னை சிட்டி எஃப்சி கோயம்புத்தூரில் ஆடி ஐ-லீக் சாம்பியன் ஆனது. அந்த டீமில் இருந்து நெய்வேலி எட்வின் சிட்னியை எடுத்தார்கள், சரிதான். சென்னை சிட்டி 2020-21க்குப் பிறகு ஐ-லீக்கிலேயே இல்லாமல் போனது. தமிழ்நாட்டுக்கு மிஞ்சியது இந்த ஒரு கடைதான்.

2016ல் சின்னப் பையனாக வந்து இங்கேயே கேப்டன் வரை வளர்ந்த அனிருத் தாபா 2023ல் மோகன் பகானுக்குப் போனார். உத்தராகண்ட் பையன், நம்மவர் இல்லைதான். ஆனால் ஏழு வருஷம் ஆடினால் நம்மவர்தானே? எனக்கு இங்கே ரேஷன் கார்டு அதைவிடக் குறைந்த வருஷத்தில் கொடுத்தார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே சிவசக்தி. காரைக்குடி பக்கம் கண்டனூர். ராமன் விஜயனின் பள்ளியில் கற்ற பையன். எடுத்தது யார்? பெங்களூரு எஃப்சி. 2022 செப்டம்பரில் டூரண்ட் ஃபைனலில் கோல்கீப்பர் தலைக்கு மேலே மெதுவாகத் தூக்கிப் போட்டு ஒரு கோல் அடித்தார் பாருங்கள், பையன் சோபாவில் இருந்து விழுந்தான். 2022-23 ஐ.எஸ்.எல்லில் வளரும் வீரர் விருதும் அவருக்குத்தான். அந்த சீசன் ஃபைனலில் ஆட்டம் தொடங்கிச் சில நிமிஷத்திலேயே காயத்தில் வெளியே போனபோது, வீட்டில் என் பையனை விட எனக்குத்தான் நெஞ்சு அடைத்தது.

அன்றைக்கு ராத்திரி பையன் கேட்டான். "ஏம்ப்பா, சிவசக்தி தமிழ்தானே?"

"ஆமாடா."

"அப்போ ஏன் உங்க டீம்ல இல்ல?"

"வேலை கிடைச்ச ஊருக்குப் போயிருக்கார்டா."

"உன்ன மாதிரியா?"

நான் விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கப் போனேன்.

2025ல் லீக் நடத்தும் ஒப்பந்தம் சிக்கலாகி, ஆகஸ்டில் பெங்களூரு சம்பளத்தை நிறுத்தி வைத்தது, சென்னையும் செயல்பாடுகளை நிறுத்தியது. அந்த ஒரு மாதம் மட்டும் எங்கள் வீட்டில் ஆளும் கட்சி எதிர்க்கட்சி எதுவும் இல்லை, இருவரும் சேர்ந்து திட்டினோம். லீக் திரும்பி வந்ததும் சண்டையும் திரும்பி வந்துவிட்டது. கோச் இப்போது கிளிஃபோர்ட் மிராண்டா, கோவாக்காரர். இந்தியர் ஒருவரை முழுநேரப் பொறுப்பில் வைத்ததில் எனக்குச் சந்தோஷம்தான். இரண்டு வருஷம் கொடுங்கள் ஐயா என்றுதான் கேட்கத் தோன்றுகிறது.

போன மாதம் மார்டள்ளிப் பக்கத்தில் இருந்து ஒருவர் மகனுக்குக் கணக்கு தொடங்க வந்தார். பையனுக்குப் பன்னிரண்டு வயசு இருக்கும், முழங்கால் முழுக்கத் தழும்பு. நல்லா ஆடுவானாம், ஸ்கூல் மாஸ்டர் எங்காவது சேர்த்துவிடச் சொன்னாராம். "சார் மெட்ராஸ்காரங்க, சென்னைல எங்கயாச்சும் கேக்கலாமா?" என்று கேட்டார். கேஒய்சி பாரத்தை நிரப்பிக்கொண்டே யோசித்தேன். பிறகு ஒரு துண்டுச் சீட்டை எடுத்து பெங்களூரு எஃப்சி என்று எழுதி, பல்லாரி மாவட்டத்தில் அவர்களுடைய தங்கிப் படிக்கும் அகாடமி இருக்கிறது, செலக்‌ஷன் எப்போது என்று முதலில் பெங்களூரில் விசாரியுங்கள் என்று கன்னடத்திலும் தமிழிலும் சொல்லி அனுப்பினேன். வீட்டில் இதைச் சொல்லவில்லை. பையனுக்குத் தெரிந்தால் ஒரு வாரத்துக்குச் சோறு இறங்காது எனக்கு.