ஏழு மணி நேர மும்பை

புனேவில் வசிப்பவர்களுக்கு மும்பை வெளியூர் அல்ல, ஆபீஸ். சீசன் டிக்கெட்டில் தினமும் 192 கிலோமீட்டர் போய்த் திரும்புகிறவர்கள் ஏராளம். ஊரைப் பார்க்கப் போகிறவர்கள் பாடுதான் திண்டாட்டம். விருந்தாளிகள் வந்து இறங்கியதுமே கேட்வே, மெரின் டிரைவ், எலிஃபண்டா, சித்தி விநாயகர், ஜுஹு என்று பட்டியலை நீட்டுவார்கள். ஐந்தையும் ஒரே நாளில் முடித்தவர்கள் நன்றாகப் பார்த்தது பெரும்பாலும் டாக்சியின் முன்சீட்டு முதுகைத்தான். எலிஃபண்டா ஒன்றே அரை நாளை விழுங்கிவிடும். படகிலேயே போக ஒரு மணி, வர ஒரு மணி. திங்கட்கிழமை குகைகளுக்கு விடுமுறை.

பஸ்ஸா ரயிலா என்பது அடுத்த கேள்வி. 2002-ல் எக்ஸ்பிரஸ் சாலை முழுதாகத் திறக்கப்பட்ட பிறகு பஸ்ஸுக்கு மவுசு கூடிவிட்டது. அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் ‘சிவ்நேரி’ ஏ.சி. பஸ் அடிக்கடி உண்டு, தாதரில் இறக்கிவிடும். ஆனால் சனி, ஞாயிறுகளில் கண்டாலா மலைப்பாதையில் லாரிகளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் உங்கள் திட்டம் அங்கேயே முடிந்தது. என் ஓட்டு ரயிலுக்கு. அதிலும் டெக்கான் குவீனுக்கு.

1930 ஜூன் 1-ம் தேதி ஓடத் தொடங்கிய ரயில் இது. இன்றும் ஒவ்வொரு ஜூன் 1 அன்றும் தினசரிப் பயணிகள் கேக் வெட்டுகிறார்கள். மேஜை போட்டு, உட்காரவைத்துப் பரிமாறும் உணவுப் பெட்டி இதில் உண்டு. 2022-ல் பெட்டிகள் மாறியபோதும் அதை விட்டுவிடவில்லை. சீஸ் டோஸ்ட்டும் டீயும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தால், லோனாவாலாவைத் தாண்டி ரயில் குகைகளுக்குள் நுழைந்து நுழைந்து மலையிறங்குவதைப் பார்க்கலாம். 1863-ல் திறந்த பாதை. 37 அடிக்கு ஓரடி ஏற்றம் என்பதால், திரும்பி வரும்போது கர்ஜத்தில் பின்னால் எஞ்சின்களைக் கோத்து ரயிலைத் தள்ளி ஏற்றுகிறார்கள்.

காலை ஏழேகாலுக்குப் புனேயை விட்டால் பத்தரைக்குள் சத்ரபதி சிவாஜி மகராஜ் டெர்மினஸ் (பழைய வி.டி.தான்). மாலை ஐந்து பத்துக்கு அங்கிருந்து திரும்புகிறது. கிளம்புமுன் நேரத்தை ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது. ஆக, ஊரில் இருக்கக் கிடைப்பது ஏழு மணி நேரத்துக்கும் குறைவு. அந்த ஏழு மணிக்குள் எதைப் பார்ப்பது என்பதைவிட எதை விடுவது என்பதில்தான் சாமர்த்தியம் இருக்கிறது.

சென்ற டிசம்பரில் கோவில்பட்டியிலிருந்து வந்திருந்த சித்திக்கு இந்தக் குழப்பமே இல்லை. கேட்வே வேண்டாம், கடல் வேண்டாம். சித்தப்பா வேலை பார்த்த மில்லையும் தங்கியிருந்த இடத்தையும் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். 1973 முதல் 1982 வரை சித்தப்பா பரேல் பக்கம் ஒரு பஞ்சாலையில் இருந்தார். மாதாமாதம் மணியார்டர் வரும், தீபாவளிக்கு மட்டும் ஆள் வரும். அவர் போய்ச் சேர்ந்து பன்னிரண்டு வருடமாகிறது. பஞ்சுத் தூசி கொடுத்த இளைப்பு கடைசிவரை விடவில்லை. சித்தி கையில் இருந்தது மணியார்டர் கூப்பன் ஒன்று. அதில் லால்பாக்கில் ஒரு சால், மாடி எண், அறை எண்.

லால்பாக் போகிறவர்கள் வி.டி. வரை போகக் கூடாது, தாதரிலேயே இறங்கிவிட வேண்டும். (2023 டிசம்பரிலிருந்து தாதரில் மத்திய ரயில்வே பிளாட்பாரங்களின் எண்கள் 8 முதல் 14 வரை என்று மாறியிருக்கின்றன. பழைய நினைப்பில் நிற்பவர்கள் கவனிக்க.) அங்கிருந்து டாக்சியில் சிறிது தூரம்தான்.

மில் இருந்த இடத்தில் கண்ணாடிக் கட்டடம் நின்றது. இந்த வட்டாரத்தில் பல மில்களுக்கும் இதே கதிதான். 1982 ஜனவரி 18 அன்று தத்தா சாமந்த் தலைமையில் சுமார் இரண்டரை லட்சம் பேர் தொடங்கிய வேலைநிறுத்தம் முறைப்படி முடித்துக்கொள்ளப்படவே இல்லை. ஆலைகள்தான் முடிந்துபோயின. மில் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு பொது வெளிக்கு, ஒரு பங்கு வீடுகளுக்கு என்று 1991-ல் போட்ட விதி 2001-ல் திருத்தப்பட்டது. காலி இடத்தை மட்டும் பங்கு வைத்தால் போதும் என்றானபின், பங்கு வைக்க மிஞ்சியது கொஞ்சம்தான். 2006-ல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது. சித்தி அண்ணாந்து பார்த்துவிட்டு, “இதுக்குள்ள இப்ப தறி ஓடலியா?” என்று மட்டும் கேட்டார்.

சால் இருந்தது. மூன்று மாடி, நீளமான மர வராந்தா, கோடியில் பொதுக் கழிப்பறை. அந்த அறையில் இப்போது ஒரு மராட்டிக் குடும்பம் இருக்கிறது. சித்தப்பாவை அவர்களுக்குத் தெரியவில்லை. பக்கத்து அறைப் பாட்டிக்கும் ஆளை நினைவில்லை, ஆனால் அறையை நினைவிருந்தது. பதினாலு பேர் இருந்தார்களாம். முதல் ஷிப்டுக்காரன் எழுந்து போனால் மூன்றாம் ஷிப்டுக்காரன் வந்து அதே பாயில் படுப்பானாம். மழைக்காலத்தில் வராந்தாவில்கூட இடம் கிடைக்காதாம். நான் தமிழில் சொல்லச் சொல்ல, சித்தி அறையைச் சுவரோரமாக நடந்து பார்த்தார். பத்துக்குப் பன்னிரண்டு இருக்கும்.

“ஒம்பது வருசத்துல ஒருநா வந்து பாருன்னு கூப்பிடலியேன்னு எனக்கு அவுக மேல கோவம். அங்க வேற யாரையும் வச்சிருப்பாகளோன்னுகூட நினைச்சிருக்கேன். என்னைய எங்க ஏட்டி படுக்க வச்சிருப்பாக?”

பாட்டி கொடுத்த தண்ணீரைக் குடித்தோம். மொழிபெயர்க்க அப்புறம் எதுவும் இருக்கவில்லை.

சாப்பாட்டுக்கு மாட்டுங்கா. தாதருக்கு அடுத்த ஸ்டேஷன், முழுக்கப் பெண் ஊழியர்களாலேயே 2017 முதல் நடத்தப்படுவது. கிழக்குப் பக்கம் இறங்கினால் 1942-லிருந்து நடக்கும் ராமநாயக் உடுப்பி சாப்பாட்டுக் கடை. வாழையிலை, ரசம், மோர். இரண்டு மணிக்குள் போய்விடுங்கள்.

மூன்றரை வாக்கில் மாட்டுங்காவிலிருந்து ‘ஸ்லோ’ ரயிலில் வி.டி.க்குப் போனால், நெரிசல் எதிர்த்திசையில் இருக்கும். பெண்கள் பெட்டியில் உட்காரவே இடம் கிடைக்கும். தாதரிலேயே டெக்கான் குவீனில் ஏறலாம்தான், ஆனால் வயதானவர்களுடன் அந்தக் கூட்டத்தில், ரயில் நிற்கும் ஓரிரு நிமிடத்தில் ஏறுவது வேண்டாத வேலை. தவிர, 1888-ல் எஃப்.டபிள்யூ. ஸ்டீவன்ஸ் கட்டி முடித்த அந்த ஸ்டேஷனைச் சாவகாசமாகச் சுற்றிப் பார்க்க அரை மணி கிடைக்கும். சித்தி அதை ஏறிட்டும் பார்க்கவில்லை. லால்பாக் மசாலாக் கடையில் அரைத்து வாங்கிய மிளகாய்ப்பொடிப் பொட்டலம் கசிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பும் டிக்கெட்டைப் போகும் டிக்கெட்டோடு சேர்த்தே முன்பதிவு செய்துவிடுங்கள். வெள்ளிக்கிழமை மாலை இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. ஜூலை, ஆகஸ்ட் வேண்டாம். மலைச்சரிவில் பாறை உருண்டால் ரயிலை ரத்து செய்துவிடுவார்கள். அப்போது பிடிக்க வேண்டிய பஸ்ஸும் தாதரிலிருந்துதான்.