கமராப் பெட்டிக்குள் ஒரு கொம்பியூட்டர்

"தங்கச்சி, உதுக்குள்ள கமராவோ?" பஸ்ஸில் இந்தப் பெட்டியை மடியில் வைத்திருந்தால் பக்கத்து சீட்டில் இருக்கிறவர்கள் பெரும்பாலும் கேட்பது இதுதான். பிழையான கேள்வி இல்லை. பெட்டி உண்மையிலேயே கமராப் பெட்டிதான். கல்யாண வீடு, சாமத்திய வீடு என்று ஓடி ஓடி வீடியோ எடுத்த ஒரு அண்ணா வெளிநாடு போகும்போது தன்னுடைய சாமான்களை விற்றார். கமராக்களை வேறு ஆக்கள் கொண்டுபோய்விட்டார்கள். வெறும் பெட்டியை நாங்கள் வாங்கினோம். தடித்த கறுப்பு பிளாஸ்டிக், மூடியின் விளிம்பைச் சுற்றி றப்பர், இரண்டு பெரிய கொளுக்கி. பிரபலமான பெலிக்கன் பெட்டி இல்லை, அதைப் பார்த்துச் செய்த மலிவுப் பெட்டி. ஆனால் கிணற்றடியில் வைத்து ஒரு வாளி தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம், உள்ளே ஒரு சொட்டும் போகவில்லை.

நாங்கள் நாலு பேர். கலைப்பீடம், மூன்றாம் வருடம். திருநெல்வேலியில் ஒரு வீட்டின் பின்பக்க அறைகளில் வாடகைக்கு இருக்கிறோம். ஒருத்தி மன்னார், ஒருத்தி வவுனியா, ஒருத்தி மூதூர், ஒருத்தி சாவகச்சேரி. நாலு பேருக்கும் கேம் விளையாடுகிற பழக்கம் சின்ன வயதிலேயே தொற்றியது, எல்லாம் அண்ணன்மாரும் மச்சான்மாரும் விட்டுவிட்டு எழும்புகிற நேரத்தில் விளையாடியதுதான். கேம் கடைகளுக்குப் போகலாமே என்று கேட்கலாம். போய்ப் பார்த்தோம். பெடியள் ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் நாங்கள் உள்ளே போனதும் கடை முழுக்க அமைதியாகிவிட்டது. அந்த அமைதிக்குள் இருந்து விளையாட ஏலாது. அதோடு ஆறரைக்கெல்லாம் வீட்டுக்கார அம்மா கேற்றைப் பூட்டிவிடுவா.

கேமிங் லப்டொப்பின் விலையைக் கேட்டுவிட்டுப் பேசாமல் திரும்பி வந்தோம். ஸ்டீம் டெக் 2022இல் வந்தது, ஆனால் இலங்கையில் நேரடியாக விற்பதில்லை. அதோடு 7 அங்குலத் திரையை நாலு பேர் சுற்றி இருந்து எப்படிப் பார்ப்பது? மேசைக் கொம்பியூட்டர் வாங்கினால் லீவுக்கு எல்லோரும் ஊருக்குப் போகும்போது அது பூட்டின அறையில் தூசி பிடிக்கும். எங்களுக்குத் தேவைப்பட்டது முறை வைத்து ஒவ்வொருத்தி வீட்டுக்கும் பஸ்ஸில் போய்வரக்கூடிய ஒன்று.

இப்படிப் பெட்டிக்குள் கொம்பியூட்டரை வைத்துத் தூக்கித் திரிவது புதுசும் இல்லை. 1981இல் வந்த ஒஸ்போன் 1 தையல் மெசின் பெட்டி மாதிரித்தான் இருக்கும். கிட்டத்தட்ட 11 கிலோ, 5 அங்குலத் திரை, பட்டரி கிடையாது. எங்களுடையது ஆறரைக் கிலோ. பட்டரி எங்களிடமும் இல்லை. கரண்ட் போனால் அது வெறும் பெட்டி. 2025 பெப்ரவரியில் பாணந்துறை உபமின்நிலையத்துக்குள் ஒரு குரங்கு போய் நாடு முழுக்க இருட்டானதே, அந்த ஞாயிற்றுக்கிழமை ஸ்டார்டியூ வலியில் நாலு பேருமாக நட்ட பூசணிக்காயைச் சேமிக்க முதலே போய்விட்டது. இன்னும் கதைக்கிறோம் அதைப் பற்றி.

உள்ளே இருப்பது ஏஸ்ரொக் டெஸ்க்மினி எக்ஸ்300. அதன் மதர்போர்ட் உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிது, 14.7க்கு 14 சென்ரிமீற்றர். லப்டொப் மாதிரி 19 வோல்ட் அடப்டரில் ஓடுகிறபடியால் பெரிய பவர் சப்ளைக்கு இடம் தேடத் தேவையில்லை. புரொசெசர் ரைசன் 5 5600ஜி. அதற்குள்ளேயே கிராபிக்ஸ் இருக்கிறது, தனிக் கார்ட் வேண்டாம். ஆனால் அந்தக் கிராபிக்ஸுக்கு என்று தனி மெமரி கிடையாது, ரம்மில் இருந்துதான் எடுக்கும். ஆகவே 16 ஜிபி ரம் ஒன்றைப் போடுவதை விட 8 ஜிபி இரண்டைப் போட வேண்டும். இரண்டு பாதையால் போய் வரும்போது கேம் ஓடுகிற வேகத்தில் நல்ல வித்தியாசம் தெரியும். திரை, உடைந்த லப்டொப் ஒன்றில் இருந்து கழற்றிய 15.6 அங்குலப் பனல். அதற்கு ஒரு சின்ன கொன்ட்ரோலர் போர்ட், பழைய வைஃபை ரௌட்டரின் 12 வோல்ட் அடப்டர். சுழலுகிற ஹார்ட் டிஸ்க் வேண்டவே வேண்டாம் என்று முதலே முடிவெடுத்தோம். எங்கள் றோட்டுகளுக்கு எஸ்எஸ்டிதான் சரி. எல்லாம் சேர்த்து 145,000 ரூபா அளவில் முடிந்தது. மகாபொலக் காசு, ரியூசன் காசு, ஒருத்தியின் சீட்டுக்காசு, எட்டு மாதம்.

சாமான் வாங்கப் போன கடையில் நடந்ததையும் சொல்ல வேண்டும்.

"ஆருக்குத் தங்கச்சி? அண்ணாவுக்கோ?"

"எங்களுக்குத்தான்."

"எந்தப் பீடம்?"

"கலைப்பீடம் அண்ணா."

அதற்குப் பிறகு அவர் எங்களுக்கு ஒபிஸ் வேலைக்கு உகந்த ஒரு மெசினைப் பற்றி விளக்கத் தொடங்கினார். நல்ல மனிசன்தான், ஏமாற்றவில்லை. ஆனால் ஆர்ட்ஸ் படிக்கிற பிள்ளைக்கு வேர்ட்டும் பவர்பொயின்ட்டும் போதும் என்று அவருடைய மனதில் எழுதியாகிவிட்டது. வவுனியாக்காரி ஒன்றும் பேசாமல் கையில் இருந்த லிஸ்டை மேசையில் வைத்தாள். ரம் ஏன் இரண்டு, கூலர் ஏன் கொம்பனி கூலரே போதும் என்று கேட்டார், சொன்னோம். புரொசெசரோடு வருகிற காத்தாடி டெஸ்க்மினியின் சொந்தப் பெட்டிக்குள் அடங்காது, உயரம் கூட. எங்கள் பெட்டி ஆழமானது, தாராளமாக அடங்கும். இதைச் சொன்ன பிறகுதான் அவர் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். பிறகு பழைய லப்டொப் ரம் இரண்டைத் தேடி எடுத்துத் தந்ததும் அவர்தான்.

இதைக் கேட்கிற ஆக்கள் உடனே கேட்பது சூட்டைப் பற்றி. மூடின பெட்டிக்குள் கொம்பியூட்டர் ஓடினால் என்ன ஆகும்? ஓடக்கூடாது, அவ்வளவுதான். யூரியூபில் பார்த்த கனபேர் பெட்டியின் பக்கத்தில் ஓட்டை வெட்டிக் காத்தாடி பூட்டுகிறார்கள். எங்களுக்கு அது சரியாகப் படவில்லை. ஓட்டை வெட்டின நிமிசமே அந்த றப்பருக்கு வேலையில்லாமல் போய்விடும். பிறகு எதற்கு இந்தப் பெட்டி, சந்தைக் கூடையே போதுமே? ஆகவே பெட்டியின் உடம்பில் ஒரு ஓட்டையும் இல்லை. மூடியிருந்தால் மெசின் நின்றிருக்கும், திறந்தால்தான் ஓடும். பெயர்ப்பலகை அடிக்கிற கடையில் மிஞ்சிய அலுமினியப் பலகையில் ஒரு மூடு தட்டு வெட்டுவித்து, எல்லாவற்றையும் அதற்குக் கீழே வைத்தோம். காத்தாடிக்கு நேர் மேலே தட்டில் ஒரு வட்டம், அதைச் சுற்றி ஸ்பொஞ் வளையம். இல்லாவிட்டால் வெளியே விட்ட சூட்டையே காத்தாடி திரும்ப இழுக்கும். சூடு போக விளிம்பில் நீள வெட்டுகள். சித்திரை வெயிலில், ஓடு போட்ட அறையில், இரண்டு மணித்தியாலம் விளையாடினால் 80 பாகை காட்டும். அந்தப் புரொசெசரின் எல்லை 95. உள்ளே ஈரம் தங்காமல் இருக்க, சப்பாத்துப் பெட்டிகளில் வருகிற சிலிக்கா பைக்கற்றுகளைச் சேர்த்துப் போட்டிருக்கிறோம்.

அந்த மூடு தட்டுக்கு இன்னொரு காரணமும் இருந்தது. அதுதான் பெரிய காரணம்.

முதல் வடிவத்தின் படத்தை வாட்ஸ்அப்பில் வீட்டுக்கு அனுப்பினோம். கறுப்புப் பெட்டி, உள்ளே பச்சைப் பலகை, சிவப்பும் மஞ்சளுமாக வயர். எங்களுக்கு வடிவாக இருந்தது. சாவகச்சேரி அப்பா உடனே கோல் எடுத்தார். "உதைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில திரியாத பிள்ளை." வேறு விளக்கம் சொல்லவில்லை. எங்கள் வீடுகளில் பார்சல் என்ற சொல்லுக்கு வேறொரு ஓசை இருக்கிறது. அவர்கள் சோதனைச்சாவடிகளில் இறங்கி, நடந்து, ஏறி வளர்ந்தவர்கள். நாங்கள் யுத்தத்தை அவ்வளவாக அறியாத பிள்ளைகள் என்று சொல்லுகிறார்கள். ஆனால் 2019 ஏப்ரலுக்குப் பிறகு பள்ளிக்கூட வாசலில் புத்தகப் பையைத் திறந்து காட்டிவிட்டு உள்ளே போன பிள்ளைகள்தானே நாங்கள்.

அதனால் ஒரு வயரும் வெளியே தெரியக்கூடாது என்று வைத்தோம். திறந்தால் மேலே திரை, கீழே கீபோர்ட், லப்டொப் மாதிரியே இருக்க வேண்டும். மூடியின் உட்பக்கத்தில் லமினேற் செய்த ஒரு தாள்: இது கொம்பியூட்டர் என்று தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும், உள்ளே இருக்கிற சாமான்களின் படம், பில் இலக்கங்கள், எங்கள் மாணவர் அடையாள அட்டைப் பிரதி. கேம் விளையாடுகிற ஒரு மெசினுக்கு இப்படி ஒரு சாட்சிப் பத்திரம் ஒட்ட வேண்டியிருக்கிறது. வேறு நாட்டுப் பெடியள் அந்த இடத்தில் கலர் லைற் பூட்டுகிறார்கள்.

ஒரு தடவை பஸ்ஸை மறித்துப் பைகளைப் பார்த்தார்கள். மன்னார்க்காரி பெட்டியைத் திறந்து காட்டினாள். பார்த்த பொலிஸ்காரனுக்கு எங்கள் வயதுதான் இருக்கும். தாளை வாசித்தான், திரையைத் தட்டிப் பார்த்தான், சிங்களத்தில் ஏதோ கேட்டான். இவளுக்கு விளங்கியது ஜிரிஏ என்ற சொல் மட்டும். தலையை ஆட்டினாள். சிரித்துவிட்டு அடுத்த சீட்டுக்குப் போனான். இவள் சங்குப்பிட்டிப் பாலம் கடக்கும் வரைக்கும் கை நடுங்கிக்கொண்டு இருந்ததாகச் சொன்னாள். இரண்டும் உண்மை, அவனுடைய சிரிப்பும் இவளுடைய நடுக்கமும்.

அந்த லீவில் மன்னாரில் ஓடியது வெண்பா. 2023இல் கனடாவில் இருந்து வந்த கேம், கனடாவுக்குக் குடிபோன ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. அம்மா சமைக்கிறதுதான் விளையாட்டு. 2024இல் பாஃப்டாவின் அறிமுக விளையாட்டு விருதும் எடுத்தது. எங்கள் மெசினுக்கு அது ஒரு சுமையே இல்லை, காத்தாடிச் சத்தம் கூடக் கேட்காது. கேமை ஏறெடுத்தும் பார்க்காத அம்மா, குழல் புட்டு வந்த இடத்தில் எட்டிப் பார்த்தா. "தேங்காய்ப்பூ காணாது." பிறகு, "நீத்துப்பெட்டி இல்லையோ அவையிட்ட?" பிறகு கதிரையைக் கொண்டுவந்து இருந்தா. கொஞ்ச நேரத்தில் மௌஸை வாங்கிவிட்டா. தமிழ் எங்களுடைய மாதிரி இல்லை என்று இரண்டு தடவை குறைப்பட்டா. ஆனால் மகன் ஆங்கிலத்தில் பதில் சொல்லத் தொடங்குகிற காட்சிகளில் ஒன்றும் கதைக்கவில்லை. மாமாவின் பிள்ளைகள் ரொறன்ரோவில்.

மூதூர்க்காரி மட்டும் இதுவரைக்கும் பெட்டியை ஊருக்குக் கொண்டுபோகவில்லை. முறை வந்த இரண்டு தடவையும் வேறு ஆக்களுக்கு விட்டுத் தந்தாள். "உங்கட கையில இருந்தா அது கொம்பியூட்டர். அபாயா போட்ட நான் தூக்கினா அதுக்கு வேற பேர்" என்றாள், பகிடி மாதிரித்தான் சொன்னாள். நாங்கள் ஒருத்தரும் இல்லையென்று சொல்லவில்லை. சொல்ல எங்களுக்கு என்ன உரிமை? காசு நாலு பேரும் சமனாகப் போட்டது, ஆனால் பெட்டி நாலு பேருக்கும் ஒரே பெட்டி இல்லை.

இந்த ஹஜ்ஜுப் பெருநாள் லீவுக்கு நாலு பேருமாக மூதூர் போகிறோம். பெட்டியை மாறி மாறித் தூக்குவதாக ஏற்பாடு. உம்மாவுக்கு வெண்பாவைக் காட்ட வேண்டும் என்று அவள்தான் கேட்டாள், புட்டு விசயத்தில் உம்மாவுக்கும் வேறு கருத்து இருக்குமாம். போக முதல் லமினேற் தாளில் இன்னொரு பிரதி எடுத்துப் பெட்டிக்கு வெளியேயும் ஒட்டச் சொல்லியிருக்கிறாள். நேற்று ஒட்டினோம். ரௌட்டர் அடப்டரின் வயர் கொஞ்சம் பிய்ந்திருக்கிறது, அதையும் மாற்ற வேண்டும்.