வலைக்கு இந்தப் பக்கம் இருவர்

இந்தியர் ஒருவர் வென்ற முதல் கிராண்ட்ஸ்லாம் பட்டம் எது? திருப்பதியில் டென்னிஸ் பழகும் பிள்ளைகளிடம் கேட்டால் சிலர் சானியா என்பார்கள், சிலர் லியாண்டர் பயஸ் என்பார்கள். விவரம் தெரிந்தவர்கள் மகேஷ் பூபதி, 1997, பிரெஞ்சு ஓபன் கலப்பு இரட்டையர் என்று சரியாகச் சொல்வார்கள். ரிகா ஹிராகி என்ற பெயரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

பாரிஸின் செம்மண் ஆடுகளத்தில் அன்று பூபதிக்குத் துணையாக நின்றவர் ஹிராகி. ஜப்பான்காரர், இரட்டையர் ஆட்டத்தில் பேர் எடுத்தவர். இறுதிப் போட்டியில் எதிரே நின்ற ஜோடி அமெரிக்காவின் லிசா ரேமண்ட், பேட்ரிக் கால்பிரெய்த். 6-4, 6-1 என்று முடிந்தது. இரட்டையரில் சர்வீஸும் ரிட்டர்னும் இருவருக்கும் முறைவைத்து வருகிறது. ஒருவர் மட்டும் நன்றாக ஆடி இப்படியொரு ஸ்கோர் வராது. நம் விளையாட்டு வரலாற்றின் அந்தக் கோப்பையில் சரிபாதி ஒரு ஜப்பானியப் பெண்ணுக்கு உரியது. நம் பாடப்புத்தகங்களிலும் பொது அறிவுக் கையேடுகளிலும் அந்தப் பெயர் பூபதியின் பெயருக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும்.

*

பூபதி சென்னையில் பிறந்தவர். அவர் வென்ற கிராண்ட்ஸ்லாம் பட்டங்கள் மொத்தம் 12. அவற்றில் 8 கலப்பு இரட்டையரில் வந்தவை. அந்த எட்டில் முதல் இரண்டும் ஜப்பானியப் பெண்களோடு சேர்ந்து வென்றவை. ஹிராகிக்குப் பிறகு, 1999 அமெரிக்க ஓபனில் ஐ சுகியாமா. கடைசி இரண்டும் (2009 ஆஸ்திரேலிய ஓபன், 2012 பிரெஞ்சு ஓபன்) சானியா மிர்சாவோடு.

*

சுகியாமாவைப் பற்றித் தனியே எழுதியாக வேண்டும். யோகோஹாமாவில் 1975-இல் பிறந்தவர். ஒற்றையரிலும் உலகின் 8-ஆம் இடம்வரை போனவர், ஆகவே ஒற்றையர் வராததால் இரட்டையருக்கு ஒதுங்கியவர் என்று அவரைச் சொல்ல முடியாது. 2000-இல் பிரான்சின் ஜூலி ஹலார்-டெகுஜியோடு சேர்ந்து அமெரிக்க ஓபனை வென்றார். அதே ஆண்டு அக்டோபரில் இரட்டையர் தரவரிசையில் உலகின் முதலிடம். 2003-இல் பெல்ஜியத்தின் கிம் கிளைஸ்டர்ஸோடு பிரெஞ்சு ஓபன், அடுத்த மாதமே விம்பிள்டன். இரண்டு இறுதிப் போட்டிகளிலும் தோற்றது ஒரே ஜோடி: ருவானோ பஸ்குவால், பாவோலா சுவாரஸ். அந்த நாளில் அவர்களை வெல்வதே பெரிய காரியம்.

சுற்றுப்பயண இரட்டையர் பட்டங்கள் மட்டும் 38. என்னை அதைவிட அதிகம் மலைக்க வைப்பது வேறொரு எண். 1994 விம்பிள்டனில் தொடங்கி 2009 அமெரிக்க ஓபன்வரை, ஒன்றைக்கூட விடாமல், தொடர்ந்து 62 கிராண்ட்ஸ்லாம் போட்டிகளின் ஒற்றையர் பிரதானச் சுற்றில் ஆடினார். பதினைந்து ஆண்டுகள். காயம், காய்ச்சல், மனச்சோர்வு எதுவும் அவரை வீட்டில் உட்கார வைக்கவில்லை. பட்டங்களுக்குக் கைதட்டுகிறோம். இப்படி விடாமல் வந்து நிற்பதற்கும் கைதட்டக் கற்க வேண்டும்.

*

ஜப்பானியப் பெண்களுக்கு இரட்டையர் வெற்றி புதிதல்ல. 1975-இலேயே கசுகோ சவாமட்சு விம்பிள்டன் மகளிர் இரட்டையரை வென்றுவிட்டார். துணை நின்ற ஆன் கியோமுரா ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர். சுகியாமா பிறந்த ஆண்டு அது. ஒரு நாட்டில் ஒரு ஆட்டம் வேர்பிடிக்க இத்தனை தலைமுறை வேண்டியிருக்கிறது.

*

சித்தூர், நகரி, புத்தூர், குப்பம் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் பெண் பிள்ளைகள் ஆடும் ஆட்டங்களைக் கொஞ்சம் கவனித்துப் பார்க்கலாம். ரப்பர் வளையத்தை வலைக்கு மேல் வீசிப் பிடிக்கும் டென்னிகாய்ட் இருக்கிறது. அதில் ஒற்றையர், இரட்டையர், கலப்பு இரட்டையர் எல்லாம் உண்டு. பூப்பந்தில் அணிக்கு ஐந்து பேர். ஷட்டில் என்றால் தெருவிலேயே இரண்டுக்கு இரண்டாகத்தான் ஆடுகிறார்கள். யார் முன்னால் நிற்பது, யார் பின்னால் போவது, நடுவில் விழும் பந்து யாருடையது என்ற கணக்கெல்லாம் பன்னிரண்டு வயதுக்குள் இந்தப் பிள்ளைகளுக்கு உடம்பில் ஊறிவிடுகிறது. டென்னிஸ் ராக்கெட்டைக் கையில் கொடுத்த மறுநாளே அவர்களைத் தனியாக நிறுத்திவிடுகிறோம். கற்று வைத்திருந்த பாதி வித்தை அங்கே வீணாகிறது.

*

எங்கள் ஆந்திர மாநிலத்துக்கு இரட்டையர் ஆட்டத்தின் பெருமை தெரியாமலில்லை. அமலாபுரத்துப் பிள்ளை சாத்விக்சாய்ராஜ் ரங்கிரெட்டி, மும்பையின் சிராக் ஷெட்டியோடு சேர்ந்து 2023 அக்டோபரில் ஹாங்ஜோ ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கினார். உடனே அந்த ஜோடி உலக முதலிடத்துக்கும் வந்தது. பேட்மிண்டனில் ஏற்றுக்கொண்ட உண்மையை டென்னிஸிலும் ஏற்றுக்கொள்ளலாம்.

*

இரட்டையர் வீராங்கனையின் பிழைப்பு எப்படி நடக்கிறது என்பதை வெளியிலிருந்து பார்ப்பவர்கள் அறிய வாய்ப்பில்லை. ஜோடியாக ஆடினாலும் தரவரிசைப் புள்ளிகள் ஆளுக்கு ஆள் தனித்தனி. ஒரு போட்டியில் நுழைய இருவரின் தரவரிசையையும் கூட்டிப் பார்ப்பார்கள். அந்தக் கூட்டலில் ஒற்றையர் தரவரிசையையும் காட்டலாம். ஒற்றையரில் மேலே இருக்கும் இருவர் கடைசி நேரத்தில் பெயர் கொடுத்தால், ஆண்டு முழுக்க இரட்டையர் மட்டுமே ஆடும் ஜோடிக்கு இடம் போய்விடும். துணைக்குக் காயம் என்றால் அடுத்த வாரத்துக்கு வேறு துணை தேட வேண்டும். பரிசுப் பணம் ஒற்றையரைவிட மிகக் குறைவு, அதையும் இரண்டாகப் பிரிக்க வேண்டும். விமானக் கட்டணமும் விடுதி வாடகையும் மட்டும் பாதியாவதில்லை. இத்தனையும் தெரிந்தே இந்த வழியைத் தேர்ந்தெடுக்கும் பெண்களின் நெஞ்சுரம் சாதாரணமானதல்ல.

*

அப்படி ஒருவர் ஜப்பானின் ஷூகோ அவோயாமா. உயரம் ஐந்தடிக்குச் சற்றே மேல். வசேதா பல்கலைக்கழகத்தில் படித்து முடித்துவிட்டுத் தொழில்முறை ஆட்டத்துக்கு வந்தவர். வாஷிங்டன் போட்டியின் இரட்டையர் பட்டத்தை 2012, 2013, 2014 என்று அடுத்தடுத்து மூன்று ஆண்டுகள் வென்றார், மூன்று முறையும் வேறு வேறு துணையோடு. 2021-இல் ஏனா ஷிபஹாராவோடு சேர்ந்து ஐந்து பட்டங்கள், விம்பிள்டன் அரையிறுதி. 2023 ஆஸ்திரேலிய ஓபனில் இறுதிவரை போனார்கள். அப்போது அவருக்கு வயது 35.

எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு பெண் குட்டையாக இருந்தால் டென்னிஸ் சரிப்படாது என்று முதல் நாளே முடிவு கட்டிவிடுகிறார்கள். காலேஜ் சேர்ந்துவிட்டால் ஆட்டம் முடிந்தது என்கிறார்கள். முப்பது தாண்டினால் கேட்கவே வேண்டாம். மூன்று தடைகளையும் தாண்டியவர் அவோயாமா. அவருடைய ஆட்டத்தின் காணொளிகளை நம் பயிற்சியாளர்கள் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்ட வேண்டும். வலையோரம் நின்று எதிராளியின் பந்தை இடையில் பாய்ந்து பறிக்கும் அந்த வேகத்துக்கு உயரம் ஒரு பொருட்டே இல்லை.

*

2023 ஜூன் 4, பாரிஸ். கியோட்டோவைச் சேர்ந்த மியூ கட்டோவும் இந்தோனேஷியாவின் அல்டிலா சுட்ஜியாதியும் மகளிர் இரட்டையர் மூன்றாம் சுற்றில் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஆட்டம் நின்ற இடைவெளியில் கட்டோ மறுபக்கத்துக்கு அடித்தனுப்பிய பந்து, பந்து பொறுக்கும் சிறுமியின் மேல் பட்டது. சிறுமி அழுதாள். முதலில் எச்சரிக்கை. எதிர்ஜோடி நடுவரிடம் பேசிய பிறகு, அதிகாரிகள் வந்து விசாரித்து, தகுதிநீக்கம். அந்தச் சுற்றுவரை சேர்த்த பரிசுப் பணமும் புள்ளிகளும் கட்டோவுக்கு இல்லாமல் போயின. அழுதபடியே வெளியேறினார்.

கலப்பு இரட்டையரில் அவருடைய பெயர் இன்னும் இருந்தது. ஜெர்மனியின் டிம் பூட்ஸ் துணை. நான்கு நாள் கழித்து, ஜூன் 8 அன்று, இறுதிப் போட்டியில் முதல் செட்டை இழந்த பின்னும் பியான்கா ஆண்ட்ரீஸ்கு, மைக்கேல் வீனஸ் ஜோடியை 4-6, 6-4, 10-6 என்று வென்றார். ஹிராகி கோப்பை தூக்கிய அதே பாரிஸில், அதே கலப்பு இரட்டையர் பட்டம்.

தண்டனை சரியா தவறா என்று வாதாடலாம். வேண்டுமென்று அடித்ததல்ல என்பதால் அது மிகையான தண்டனை என்பதே என் கருத்து. அதைவிடப் பெரியது அந்த நான்கு நாட்கள். ஒரு துணையோடு ஆடியபோது வந்த அவமானத்தை மனதில் சுமந்துகொண்டு, இன்னொரு துணைக்கு ஒரு குறையும் வைக்காமல் ஆடிக் கொடுத்தாரே, இரட்டையர் ஆட்டத்தின் தர்மம் அதுதான்.

*

சானியாவின் முதல் சுற்றுப்பயணப் பட்டம் 2004-இல் ஹைதராபாதில் வந்தது. அன்று அது எங்களுக்கும் மாநிலத் தலைநகர். அவருக்கு வயது 17. அந்தப் பட்டமும் இரட்டையர்தான், லீசல் ஹூபரோடு. ஒற்றையரில் 27-ஆம் இடம்வரை போனார். மணிக்கட்டு ஒத்துழைக்கவில்லை. 2013-இல் ஒற்றையரை விட்டு முழுநேரமும் இரட்டையருக்கு வந்தார். மகளிர் இரட்டையரில் அவர் எட்டிய உச்சமெல்லாம் அதற்குப் பிறகுதான்: 2015 ஏப்ரலில் உலக முதலிடம், அந்த ஆண்டே மார்ட்டினா ஹிங்கிஸோடு விம்பிள்டன், அமெரிக்க ஓபன், 2016 தொடக்கத்தில் ஆஸ்திரேலிய ஓபன், இடையே தொடர்ந்து 41 வெற்றிகள். விம்பிள்டன் இறுதியில் கடைசி செட்டில் 2-5 என்று பின்தங்கியிருந்து மீண்டு வந்தார்கள். முதலிடத்தில் மொத்தம் 91 வாரங்கள்.

டோக்கியோவின் பான் பசிபிக் போட்டியின் இரட்டையர் பட்டத்தை 2013, 2014 இரண்டு ஆண்டும் காரா பிளாக்கோடு சேர்ந்து வென்றவரும் சானியாதான். பாரிஸிலும் நியூயார்க்கிலும் ஜப்பானியப் பெண்கள் இந்தியருக்குக் கொடுத்த கௌரவம் ஒரு விதத்தில் திரும்பிப் போய்ச் சேர்ந்தது.

*

திருப்பதியில் ஒரு காலைப் பயிற்சியின்போது, மகளைக் கூட்டிவந்திருந்த ஓர் அம்மா கேட்டார்: "டபுள்ஸ்னா பாதிப் பேருதானே சார் வரும்? தனியா ஆடினாத்தானே நாலு பேருக்குத் தெரியும்?"

நியாயமான கேள்வி. நான் அவருக்குச் சொன்னது இதுதான்: "இல்லைம்மா. ரெண்டு பேருக்கும் முழுப் பேருதான் வரணும். அதைக் கொடுக்காதது நம்ம குறை, ஆட்டத்தோட குறை இல்லை."

*

கணக்குப் போட்டாலும் இரட்டையரே எங்கள் ஊர்களுக்கு ஏற்றது. ஒற்றையர் களத்தின் அகலம் 27 அடி, இரட்டையருக்கு 36 அடி. பக்கத்துக்கு நாலரை அடி கூடுகிறது, ஆடும் பிள்ளைகள் இரண்டு மடங்காகிறார்கள். சித்தூரிலும் திருப்பதியிலும் டென்னிஸ் களங்கள் கொஞ்சம்தான். கோடையில் ஏழு மணிக்கெல்லாம் வெயில் ஏறிவிடும். கிடைக்கும் ஒரு மணி நேரத்தில் இருவர் ஆடுவதற்குப் பதில் நால்வர் ஆடலாம். வசதி குறைந்த இடத்தில் அதிகம் பேரை வளர்க்கும் வழி இது.

*

சென்னை ஓபன் மகளிர் போட்டி 2022-இல் நுங்கம்பாக்கத்தில் நடந்தது. பிறகு 2025-இல் மறுபடி நடந்தபோது ஜானிஸ் ட்ஜென் ஒற்றையரை வென்றார். இரட்டையரையும் அவரே வென்றார், துணை அல்டிலா சுட்ஜியாதி. பாரிஸில் கட்டோவோடு வெளியேற்றப்பட்டவர்தான் இந்தச் சுட்ஜியாதி. திருப்பதியிலிருந்து சப்தகிரி எக்ஸ்பிரஸில் ஏறினால் போய்ச் சேர்ந்துவிடும் தூரத்தில் இப்படி ஓர் ஆட்டம் நடக்கிறது. அடுத்த முறை நடக்கும்போது பிள்ளைகளை ஒற்றையர் இறுதிக்கு மட்டும் கூட்டிப் போகாதீர்கள். இரட்டையர் முதல் சுற்று நடக்கும் சின்னக் களத்தின் ஓரம் உட்கார வையுங்கள். முதுகுக்குப் பின்னால் விரலால் சைகை காட்டுவது, புள்ளி போன பிறகும் கை தட்டிக்கொள்வது எல்லாம் அங்கேதான் பக்கத்தில் தெரியும்.

*

பள்ளிகளின் பி.டி. ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். டென்னிகாய்ட்டிலோ ஷட்டிலிலோ நன்றாக ஒத்துப்போகும் இரண்டு பெண் பிள்ளைகளைப் பார்த்தால், அவர்களை ஒரே ஜோடியாக டென்னிஸில் இறக்குங்கள். முதல் தோல்வியில் பிரித்துவிடாதீர்கள். ஒருத்தி நன்றாக ஆடுகிறாள் என்று அவளை மட்டும் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். குறைந்தது ஓர் ஆண்டு சேர்ந்தே ஆட விடுங்கள். ஜெயித்தால் சுவரொட்டியில் இருவர் பெயரையும் ஒரே அளவு எழுத்தில் போடுங்கள்.