வீட்டைவிட்டு வெளியேற ஆகும் நேரம்

சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குக் கடலடியில் ஒரு கண்ணாடியிழைக் கேபிள் போகிறது. 2002-இல் இயங்கத் தொடங்கிய அதன் நீளம் சுமார் 3,200 கிலோமீட்டர். இழைக்குள் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். கணக்குப் போட்டால், ஒரு செய்தி சிங்கப்பூர் போய்த் திரும்ப 32 மில்லி செகண்ட் போதும். ராயபுரத்தில் எங்கள் வீட்டுப் பின்னறையிலிருந்து வாசலைத் தாண்டவே என் குரல் சில மாலைகளில் அரை நொடிக்கு மேல் எடுத்துக்கொண்டது.

அரை நொடிதானே என்று தோன்றலாம். உரையாடல் இயல்பாக இருக்க ஒருவழித் தாமதம் 150 மில்லி செகண்டைத் தாண்டாமல் இருப்பது நல்லது என்கிறது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம். தாண்டினால் பேச்சும் பேச்சும் முட்டிக்கொள்ளும். இணையவழித் துறைக் கூட்டத்தில் "சொல்லுங்க மேடம்" என்பார்கள். நான் தொடங்கியது போய்ச் சேர்வதற்குள் "சரி, மேடத்துக்கு ஒண்ணும் இல்ல போல" என்று அடுத்த பொருளுக்குப் போய்விடுவார்கள். பெண்ணின் பேச்சை இடைமறிக்க வழக்கமாகக் காரணம் எதுவும் தேவைப்படாது. இங்கே ஒரு காரணமும் கிடைத்துவிட்டது.

இணைப்பு கொடுத்த கம்பெனியிலிருந்து ஒரு தம்பி வந்தார். ஹாலில் டிவி பக்கத்திலிருக்கும் ரவுட்டர் அருகே நின்று ஸ்பீடு டெஸ்ட் போட்டார். "நூறு வருதுக்கா, ஃபுல்லா இருக்கு. சார் இல்லையா?" சார் இருந்தாலும் அதே நூறுதான் வரும். அவர் காட்டியது குழாயின் அகலம். என் சிக்கல், என் முறை வர எவ்வளவு நேரமாகிறது என்பது. தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நின்று வளர்ந்தவளுக்கு இரண்டும் வேறு என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நானே அளந்தேன். கணினியில் பிங் என்றொரு சின்னக் கட்டளை உண்டு. ஒரு முகவரிக்குச் சிறு துணுக்கை அனுப்பி, பதில் வர ஆகும் நேரத்தைச் சொல்லும். முதலில் ரவுட்டருக்கே அனுப்பினேன். ஹாலில் 2 மில்லி செகண்ட். பின்னறையில் சில தடவை 5, சில தடவை 90. நடுவில் இரண்டு சுவர், ஓர் இரும்பு பீரோ. சந்து முழுக்க வீட்டுக்கு வீடு வைஃபை வேறு. நீளமான லான் கேபிள் வாங்கிச் சுவரோரமாக இழுத்தேன். எண் 1 ஆனது. "ஹால்ல வயரு ஓடுது, பாக்க நல்லாவா இருக்கு?" என்றார் வீட்டுக்காரர்.

அடுத்து வெளிமுகவரிக்கு அனுப்பினேன். விடியற்காலையில் 14. மாலை ஏழு மணிக்கு 600. அந்நேரத்தில் வீட்டுக்காரரின் போனும் மகனின் போனும் அன்றைய வீடியோக்களைச் சேமிப்பகத்துக்கு ஏற்றிக்கொண்டிருக்கும். வாசலிலும் மாடிப்படியிலும் மாட்டிய கேமராக்கள் எந்நேரமும் படம் அனுப்பும். எங்கள் திட்டத்தில் இறக்கும் பாதை நூறு என்றால் ஏற்றும் பாதை பத்துதான். அது நிரம்பினால் ரவுட்டர் வருவதையெல்லாம் வரிசையில் நிறுத்திவைக்கும். பஃபர்புளோட் என்று இதற்குப் பெயர். என் குரல், ஐம்பது குடத்துக்குப் பின்னால் நிற்கும் ஒரு சொம்பு.

ஒவ்வொன்றாக நிறுத்தினேன். போன்கள் நின்றதும் 200. கேமராக்களும் நின்றதும் 15. "பொம்பளைங்க தனியா இருக்கிற நேரம்" என்று எங்கள் பாதுகாப்புக்காக மாட்டிய கேமராக்கள் அவை.

அந்தமானுக்குச் சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் திறக்கப்பட்டது 2020 ஆகஸ்டில். அதுவரை அங்கே 36,000 கிலோமீட்டர் உயரத்துச் செயற்கைக்கோளை நம்பியிருந்தார்கள். அவ்வழியே செய்தி போய்த் திரும்பக் கிட்டத்தட்ட அரை நொடி. ஏழு மணிக்கு எங்கள் பின்னறை அதைவிடத் தொலைவில் இருந்தது.

இந்த வரிசையைக் கட்டுப்படுத்தும் ஒரு முறையை 2012-இல் கேத்லீன் நிக்கோல்ஸ் என்ற பெண், வான் ஜேக்கப்சனோடு சேர்ந்து வெளியிட்டார். கோடெல் என்று பெயர். வரிசை எவ்வளவு நீளம் என்பதை அது பார்ப்பதில்லை. ஒவ்வொரு துணுக்கும் எவ்வளவு நேரம் நின்றது என்பதைப் பார்க்கிறது. எங்கள் ரவுட்டரில் அது இல்லை, கியூஓஎஸ் இருந்தது. ஏற்றும் அளவை எட்டுக்குக் கட்டினேன். என் கணினிக்கு முன்னுரிமை கொடுத்தேன். கேமராக்களின் படத்தரத்தைக் குறைத்து, போன்களின் வேலையை நள்ளிரவுக்குத் தள்ளினேன். "யாரைக் கேட்டு?" என்ற கேள்வி வந்தது. 600, 200, 15 என்று எழுதிய நோட்டைக் காட்டினேன். "உனக்குத்தான் யூஸ் பண்ணத் தெரியல" என்ற வழக்கமான பதில் அன்று வரவில்லை.

எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் மாடிப்படியிலோ அடுப்படி மூலையிலோ உட்கார்ந்து வகுப்பில் சேரும் மாணவிகள் "நெட் சரியில்ல மேம்" என்பார்கள். இப்போது அவர்களிடம் மூன்று எண் கேட்கிறேன். போனிலும் பிங் செயலிகள் உண்டு. நீ உட்காரும் இடத்திலிருந்து ரவுட்டர் வரை எவ்வளவு? வீட்டில் யாரும் பயன்படுத்தாதபோது வெளியே போய்வர எவ்வளவு? எல்லோரும் பயன்படுத்தும்போது எவ்வளவு? முதலாவது பெரிதென்றால் வீட்டில் இடத்தைக் கேள். மூன்றாவது மட்டும் பெரிதென்றால் உன் முறையைக் கேள். இரண்டாவதே பெரிதென்றால் கம்பெனிக்காரரைக் கூப்பிடு. வந்தவர் "சார் இல்லையா?" என்று கேட்டால் நோட்டை நீட்டு.